கரும்பு வில்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தை ஒரு பள்ளிக்கூடத்தார் ‘கலைச் சுற்றுலா’ என்று பெயரிட்டு, பஸ் பிடித்துக் கடந்தார்கள். கதை எழுதுகிறவன் என்கிற ஒரே தகுதியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆண்டாள் கோயில் மண்டபத்தில் நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்கள் இருக்கின்றன. கர்ணன், அர்ஜுனன், வீரபத்திரர், ரதி, மன்மதன். இவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நோக்கம்.

ஆசிரியர் ஒவ்வொரு தூணாகப் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொண்டே பின்னால் போனார்கள். எழுதுகிற அவசரத்தில் பார்ப்பதற்கு யாருக்கும் நேரம் இல்லை. மன்மதன் முன்னால் மட்டும் ஒரு பையன் நின்றுவிட்டான்.

“ஸார், கரும்பைப் போய் வில்லா வளைச்சா ஒடிஞ்சு போகாதா?”

“அதெல்லாம் கேட்கமாட்டான்டா. பெயரை எழுது” என்றார் ஆசிரியர். ‘கேட்கமாட்டான்’ என்று அவர் சொன்னது பரீட்சைத்தாள் தயாரிக்கிறவரை. மன்மதனைப் பற்றி அதிகம் பேசுவதில் அவருக்குக் கொஞ்சம் கூச்சமும் இருந்தது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கேள்வி லேசான கேள்வி அல்ல. கரும்பு விளைகிற சீமையில் பிறந்த பையன் கேட்ட கேள்வி அது. கரும்பு ஒடியும், அதுவும் கணுவில் ஒடியும் என்று அவன் கைக்குத் தெரியும். ஒடிகிற பொருளை வளைகிற பொருளாகச் செய்திருக்கிறான் ஒரு சிற்பி. அதையும் எதில்? வளையவே வளையாத கருங்கல்லில். அந்த மண்டபத்துக் கலையின் ரகசியம் முழுவதும் பையனுடைய கேள்விக்குள் இருந்தது. அவன் கையில் ஒரு பெயர்ப் பட்டியலைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இதே பாணித் தூண்களுக்கு வேறொரு இடத்தில் வேறு கதி நேர்ந்திருக்கிறது. 1912-ஆம் வருஷம் அடலைன் பெப்பர் கிப்சன் என்கிற அமெரிக்கப் பெண்மணி மதுரைக்கு வந்தார். மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த மண்டபத் தூண்கள் பிரித்துப் போட்டபடி கிடந்தன. விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். அவர் காலமான பிறகு, 1919-இல், குடும்பத்தார் அவற்றைப் பிலடெல்பியா கலைக் காட்சிசாலைக்கு அவர் நினைவாகக் கொடுத்தார்கள். இன்று அங்கே அது ஒரு முழு மண்டபமாக நிற்கிறது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களிலிருந்து வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர்களுக்குத் தனிக் குறிப்புகள், குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி ஏற்பாடுகள்.

நான் பிலடெல்பியாவுக்குப் போனதில்லை. போனவர்கள் சொல்லும்போது பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அந்தத் தூண்களுக்கு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, மேளச் சத்தம் இல்லை, சாய்ந்து உட்கார்ந்து இளைப்பாறுகிற கிழவி இல்லை. கல்லுக்கும் அந்த ஊருக்கும் உறவு கிடையாது. இல்லாத உறவை உண்டாக்கத்தான் அத்தனை ஏற்பாடும்.

“நமக்குக் கோயில் இருக்கிறது, மியூசியப் பாடமெல்லாம் எதற்கு?” என்று பதில் சொல்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். இந்தப் பதிலில் எனக்குச் சம்மதம் இல்லை. உறவு இருந்தால் போதாது, கண்ணும் வேண்டும். கண் இல்லாத பக்தி என்ன செய்யும் என்பதற்கு நம் கோயில்களிலேயே சாட்சி இருக்கிறது. உளி பட்ட நுணுக்கத்தின் மேல் பளபளவென்று எனாமல் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். மணலைப் பீய்ச்சி ‘சுத்தம்’ செய்து மூக்கும் விரலும் மழுங்கவிட்டிருக்கிறார்கள். செய்தவர்கள் விரோதிகள் அல்ல. அவர்களும் சின்ன வயதில் இந்தத் தூண்களின் நடுவே ஓடி விளையாடியவர்கள்தான். நின்று பார் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

அன்றைக்கு அதே மண்டபத்தில் ஒரு ராஜபாளையத்துக் குடும்பம் வந்திருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பேத்தி “அவ்வா, இது யாரு?” என்று வீரபத்திரரைக் காட்டினாள். கிழவி பெயரைச் சொல்லவில்லை. “முகத்தைப் பாரு. கோபமா இருக்காரா, சிரிக்கிறாரா?” என்று கேட்டாள். குழந்தை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தது. பிறகுதான் தட்சன் யாகத்துக் கதை வந்தது. நியூயார்க்கின் நவீன கலைக் காட்சிசாலையில் கல்வி இலாகாவை நடத்திய பிலிப் யெனவைன் என்பவரும், அபிகேல் ஹவுசன் என்கிற ஆராய்ச்சியாளரும் சேர்ந்து ஒரு போதனா முறையை வகுத்தார்கள். படத்தில் என்ன நடக்கிறது, எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே போவதுதான் அதன் சாரம். தகவல் பிறகு வரலாம். உலகமெங்கும் ஆசிரியர்கள் கற்றுக்கொள்கிற அந்த வித்தை இந்தக் கிழவிக்குத் தானாக வந்திருக்கிறது. எல்லா வீட்டிலும் அப்படி ஒரு கிழவி இருக்கிறாள் என்று நம்பி உட்கார முடியாது.

பள்ளிக்கூடத்தில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் டிராயிங் மாஸ்டர். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்கெல்லாம் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நம் அரசாங்கம் நியமித்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. அரைநாள் ஆசிரியரிடம் முழுக்கண்ணை எதிர்பார்ப்பது நியாயமா? சென்னை எழும்பூர் மியூசியம் 1851-லிருந்து இருக்கிறது. வெண்கலச் சிலைகளுக்கு அதை மிஞ்சுவது அபூர்வம். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அது ஒரு ராத்திரி ரயில் தூரம். ஆகவே பக்கத்தில் இருப்பதைக் கொண்டுதான் தொடங்க வேண்டும்.

ராஜபாளையத்தில் அதற்கு ஓர் இடம்கூட இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, தம்முடைய சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். கலைக்கு ஊரில் ஒரு கூரை வேண்டும் என்று நினைத்த மனிதர். பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன்னால், ஒரு சனிக்கிழமை ஆசிரியர்களை மட்டும் அப்படி ஓரிடத்தில் கூட்டி, பிறகு மண்டபத்துக்குக் கூட்டிப் போகலாம். நோட்டுப் புத்தகம் கூடாது. ஒருவருக்கு ஒரே தூண், அரைமணி நேரம். திரும்பி வந்து, கண்டதை ஞாபகத்திலிருந்து களிமண்ணில் பிடித்துப் பார்க்கட்டும். பாதிப்பேருக்கு எந்தக் கை உயர்ந்திருந்தது என்பதே மறந்திருக்கும். அதற்குப் பிறகு பிள்ளைகளிடம் அவர்கள் பேசுகிற பேச்சே வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

திரும்புகிற வழியில் பஸ்ஸை நிறுத்திப் பால்கோவா வாங்கினார்கள். நோட்டுகளை வாங்கித் திருத்தினார் ஆசிரியர். அந்தப் பையனுடையதை நானும் வாங்கிப் பார்த்தேன். பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. ‘நன்று’ என்று சிவப்பு மையில் போட்டிருந்தது. பின்னட்டையில், பால்கோவா எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில், வளைந்த ஒரு கோடு. அதில் வரிசையாகக் கணுக்கள். எந்தக் கணுவில் ஒடியும் என்று ஓர் இடத்தில் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தான்.