குதிரைக்கும் கேட்கிறது

2021 ஆகஸ்ட் 6. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான நவீன பென்டத்லான் எனும் ஐவகைப் போட்டி. வாள்வீச்சும் நீச்சலும் முடிந்தபோது ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய் முதலிடத்தில் இருந்தார். அடுத்தது குதிரையேற்றம். அப்போது இந்தப் போட்டியில் யாருக்கும் சொந்தக் குதிரை இருக்கவில்லை. குலுக்கலில் வருகிற குதிரையோடு 20 நிமிடம் பழகிவிட்டுக் களத்தில் இறங்க வேண்டியிருந்தது. ஷ்லாய்க்கு வந்த செயின்ட் பாய், சற்று முன்புதான் ரஷ்ய வீராங்கனை ஒருவரிடம் முரண்டு பிடித்திருந்தது. இவரிடமும் பிடித்தது. கண்ணீர் வழிய அவர் சவுக்கை வீசிக்கொண்டிருக்க, வேலியோரம் நின்ற பயிற்சியாளர் கிம் ரைஸ்னர், இன்னும் நன்றாக அடி என்று கத்தினார். அது உலகம் முழுக்க ஒளிபரப்பானது. குதிரை கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது ரைஸ்னரே அதை முஷ்டியால் குத்தினார். ஷ்லாய் 31ஆம் இடத்துக்குச் சரிந்தார். ரைஸ்னர் அந்த ஒலிம்பிக்கிலிருந்தே விலக்கப்பட்டார். அதே ஆண்டின் இறுதிக்குள் அந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்பு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு குதிரையேற்றமே வேண்டாம் என்று முடிவெடுத்தது.

பெரும்பாலோர் அதை விலங்குவதையாகப் பார்த்தார்கள். வதைதான், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு பாடமும்கூட. ஒரு குரு தன் மாணவிக்குச் சொல்லிக்கொடுத்த கணம் அது. அப்படிப் பார்த்தால் அதற்குப் பின் வந்த இரண்டு காணொளிகளும் அதோடு சேர்ந்து நிற்கின்றன. நியூசிலாந்தின் மார்க் டாட், 1984லும் 1988லும் கரிஸ்மா என்ற குதிரையில் ஒலிம்பிக் தனிநபர் தங்கம் வென்றவர். ஒரு பயிற்சி முகாமில், தண்ணீர்த் தடையில் இறங்கத் தயங்கிய குதிரையை அவர் மரக்கிளையால் திரும்பத் திரும்ப அடிக்கும் காணொளி 2022இல் வெளிவந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின், வலேக்ரோ என்ற குதிரையோடு டிரெஸ்ஸாஜ் எனும் நளினநடைப் போட்டியையே புதிதாகப் பார்க்கவைத்தவர், ஆறு ஒலிம்பிக் பதக்கங்களுக்குச் சொந்தக்காரர். 2024 ஜூலையில் பாரிஸ் போட்டி தொடங்கவிருந்த வாரத்தில் அவர் விலகினார். மாணவியின் குதிரையை நீண்ட சவுக்கால் கால்களில் அடித்த பழைய காட்சி வெளிவரவிருந்தது. ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன.

மூன்றிலும் ஒரே அமைப்பு. பயிற்சியாளர் தரையில் நிற்கிறார், மாணவர் சேணத்தில் இருக்கிறார், அடி குதிரைக்கு விழுகிறது. மாணவர்களில் யாரும் இறங்கிவிடவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. இறங்க முடியாதபடி ஒரு அதிகாரம் அங்கே இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. போட்டிக் குதிரையேற்றத்தில் பயிற்சியாளர் கடுமையாக இருக்க வேண்டுமா, கனிவாக இருக்க வேண்டுமா என்ற பழைய விவாதம் எப்போதும் இரண்டு பேரை மட்டும் கணக்கில் வைத்தே நடக்கிறது: திட்டுபவர், திட்டு வாங்குபவர். எனக்கு அந்தக் கணக்கே தவறாகப் படுகிறது. மூன்றாவதாக ஓர் உயிர் இருக்கிறது. கடுமையானாலும் கனிவானாலும், அதன் விலையைக் கடைசியில் கொடுப்பது அதுதான்.

குதிரைத்தோல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் சிலிர்த்து உதறும். அவ்வளவு நுட்பமான உடலின் மேல் உட்கார்ந்திருப்பவரைத் திட்டினால் என்ன நடக்கும்? மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். முழங்கால் சேணத்தை இறுக்கும், குதிகால் மேலே எழும், இடுப்பு கட்டையாகும், பார்வை கீழே இறங்கும். விரல்கள் வாரை இறுக்க, அந்த இறுக்கம் கடிவாள இரும்பு வழியாக நேரே குதிரையின் வாய்க்குப் போகும். குதிரை தலையைத் தூக்கும், முதுகைக் குழியாக்கும், வேகமெடுக்கும். தரையில் நிற்பவர் கண்ணுக்கு இப்போது இன்னும் நான்கு தவறுகள் தெரிகின்றன. குரல் இன்னும் உயர்கிறது. தன் குரல் உண்டாக்கிய தவறுகளையே அவர் திருத்திக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிவதில்லை.

இது வெறும் ஊகமில்லை. சுவீடனில் லிண்டா கீலிங்கும் சகாக்களும் செய்து 2009இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஆட்கள் குதிரையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நான்கு முறை நடத்தியோ ஓட்டியோ செல்ல வேண்டும். கடைசி முறைக்கு முன், நீங்கள் கடக்கும்போது ஒரு குடை விரிக்கப்படும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது, குதிரையின் துடிப்பும் ஏறியது. குதிரைக்குக் குடையைப் பற்றி எதுவும் தெரியாது, தன்மேல் இருந்தவரின் அல்லது கயிற்றைப் பிடித்தவரின் அச்சம் மட்டுமே அதற்குத் தெரிந்திருந்தது. ஏச்சுக்கு அஞ்சும் மாணவர் ஒவ்வொரு தடைக்கும் முன்னால் அப்படி ஒரு குடையை எதிர்பார்த்துக்கொண்டே போகிறார்.

இருந்தும், கடுமையின் பக்கம் நியாயமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தக் கல்வி படைமுகாமில் பிறந்தது. ஒலிம்பிக் குதிரையேற்றமே நெடுங்காலம் ராணுவ அதிகாரிகளின் சொத்தாக இருந்தது. 1948இல் டிரெஸ்ஸாஜ் குழுத் தங்கம் வென்ற சுவீடனிடமிருந்து அந்தப் பதக்கம் பின்னர் பறிக்கப்பட்டது. குழுவில் ஒருவர் உண்மையில் அதிகாரி தரத்தில் இல்லை என்பதே காரணம். 1952இல்தான் கதவு மற்றவர்களுக்கும், டிரெஸ்ஸாஜில் பெண்களுக்கும் திறந்தது. அந்த ஆண்டே, போலியோவால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டல் வெள்ளி வென்றார். நம் நாட்டிலும் 1982 டெல்லி ஆசியப் போட்டியின் குதிரையேற்றத் தங்கங்கள் படைவீரர்களின் உழைப்பு. படை வழியில் வந்த அந்தக் கட்டளைத் தொனிக்கு ஒரு பயன் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கு, அசையாத மரத்தடையை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும்போது, நயமாக விளக்க நேரமில்லை. பார்வையை உயர்த்து, காலை இறுக்கு, நிறுத்து என்று இரண்டு சொல்லில், உரத்த குரலில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் வர வேண்டும். அந்தக் குரல் உயிரைக் காக்கும். அதைக் கொடுமை என்று சொல்பவர் விழுந்த குதிரையின் கீழே மனிதர் கிடப்பதைப் பார்த்திராதவர்.

கடுமையான ஆசிரியரிடம் இன்னொன்றும் கிடைக்கிறது. அவர் எதையும் விடுவதில்லை. துடைக்காத சேணம், தளர்ந்த வார், சரிபார்க்காத குளம்பு எல்லாமே அவர் கண்ணில் படும். இப்படிப்பட்டவரிடம் கற்றவர்கள் பிற்காலத்தில் அவரை நன்றியோடு நினைப்பது பொய்யில்லை. தன்னை ஒருவர் பொருட்படுத்தினார் என்ற நிறைவு அதில் இருக்கிறது. ஆனால் அந்த நன்றியைக் கிளறிப் பார்த்தால், அவர்கள் போற்றுவது அந்தக் கண்ணைத்தான். அந்த வாயைப் பொறுத்துக்கொண்டார்கள், அவ்வளவே. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததால் ஒன்றில்லாமல் மற்றொன்று வராது என்று நம்பிவிட்டார்கள்.

திட்டினால்தான் திருந்துவார்கள் என்ற நம்பிக்கைக்கு வேறொரு வேரும் இருக்கிறது. உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்றுநர்களிடம் பேசியபோது, ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னார். நன்றாகச் செய்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாகச் செய்தவனைத் திட்டினால் அடுத்த முறை தேறுகிறான். கானமன் உடனே புரிந்துகொண்டார். மிக நல்ல முயற்சிக்குப் பின்னும் மிக மோசமான முயற்சிக்குப் பின்னும், யார் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அடுத்த முயற்சி தன் வழக்கமான அளவை நோக்கித் திரும்புவதுதான் இயல்பு. பாராட்டு கெடுத்ததுபோலவும் திட்டு தேற்றியதுபோலவும் தோன்றுவது கணக்கின் மாயம். குதிரைக் களத்தில் இந்த மாயம் இன்னும் வலுவானது. ஒரே பாதையில் ஒரே குதிரை காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் ஓடும். முதல் சுற்றில் நான்கு கம்பு விழுந்தால், இரண்டாம் சுற்றில் அனேகமாகக் குறையும். இடையில் கத்தியவர் தன் தொண்டையால்தான் குறைந்தது என்று நம்புவார். அந்த நம்பிக்கை முப்பது வருடம் ஊறினால் அனுபவ ஞானமாகிவிடும்.

அமெரிக்கத் தடைதாண்டும் உலகில் ஜார்ஜ் மாரிஸ் அப்படியொரு ஞானியாகக் கொண்டாடப்பட்டவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் குழு வெள்ளி வென்றவர். 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அணியை நடத்தியவர். பயிற்சி முகாம்களில் கூட்டத்தின் முன்னால் மாணவரின் உடல் எடையையும் உடையையும்கூட விமர்சிப்பார். அதைக் கேட்கப் பணம் கொடுத்து வரிசையில் நின்றார்கள். 2019இல், சிறார் சம்பந்தப்பட்ட பாலியல் முறைகேட்டுக்காக விளையாட்டில் நடக்கும் முறைகேடுகளை விசாரிக்கும் அமெரிக்காவின் சேஃப்ஸ்போர்ட் மையம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். மேல்முறையீட்டில் நடுவர் தீர்ப்பு தடையை உறுதிசெய்தது. கடுஞ்சொல் பேசுபவரெல்லாம் இப்படிப்பட்டவர் என்று சொல்வது அநியாயம், அப்படிச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் குருவை எதிர்த்து ஒரு கேள்வி கேட்பதே ஒழுங்கீனம் என்று பழக்கப்பட்ட களத்தில், கேட்டே ஆக வேண்டிய கேள்வியும் தொண்டையில் நின்றுவிடும். தடை வந்தபோது பலர் அவர் பக்கம் நின்று, அவரில்லாமல் நாங்கள் இல்லை என்றார்கள். அந்தப் பழக்கத்தின் ஆழம் அதில் தெரிந்தது.

கனிவு என்ற பெயரில் இன்று பரவியிருப்பதும் எனக்கு உவப்பானதில்லை. படைமுகாமிலிருந்து தனியார் லாயத்துக்கு வந்தபின் பயிற்சியாளர் சம்பளம் வாங்கும் ஆளானார். மாணவரின் குடும்பம் மாதக் கட்டணமும் லாய வாடகையும் தருகிறது. பல இடங்களில் அடுத்த குதிரையை வாங்கித் தருபவரும் பயிற்சியாளரே, அதில் கமிஷனும் அவருக்கே. உங்கள் மகள் இந்த உயரத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்று சொன்னால், அடுத்த மாதம் குதிரை வேறு லாயத்தில் நிற்கும். ஆகவே அருமை, பிரமாதம் என்றே வகுப்பு ஓடுகிறது. கை குலுங்கிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தாண்டலிலும் குதிரையின் வாயில் சுண்டி இழுப்பு விழுகிறது, மாணவர் தொப்பென்று அதன் முதுகில் உட்காருகிறார். யாருடைய மனமும் புண்படவில்லை. குதிரையின் வாயும் முதுகும் மட்டும் புண்படுகின்றன. கடைசியில் அது தாண்ட மறுத்ததும், பிடிவாதக் குதிரை என்று பெயர் வாங்கி விற்கப்படுகிறது. ஈவென்டிங் எனும் பல்சுற்றுக் குதிரையேற்றப் போட்டியின் திறந்தவெளி (கிராஸ்-கன்ட்ரி) சுற்றில், விழாத மரத்தடைகளுக்கு முன்னால், இந்த முகத்தாட்சணியம் மனித உயிரையே கேட்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட பயிற்சியாளரை நான் கனிவானவர் என்று ஏற்க மாட்டேன். தன் வருமானத்துக்காக மாணவரையும் குதிரையையும் ஆபத்தில் விட்டவர் அவர்.

அப்படியானால் குறையை எப்படித்தான் சொல்வது? அளவுகோலில் தளர்வு கூடாது, தொனியில் வெறுப்பு கூடாது என்பது வரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கடினம் அதற்கு அப்பால் இருக்கிறது. எத்தனை தடவை சொல்வது உனக்கு என்பது கோபம், அதில் செய்தி எதுவும் இல்லை. ஐந்தாவது தடைக்கு மூன்று எட்டு முன்னால் உன் வலது கை பின்னால் வந்தது, அதனால்தான் குதிரை இடது பக்கம் சாய்ந்தது என்பது கசப்பான உண்மை, ஆனால் கையில் பிடித்து வேலை செய்யலாம். இரண்டாவதைச் சொல்ல, பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். கத்துகிறவர்களில் பலர் உண்மையில் பார்ப்பதில்லை. கம்பு விழுந்த சத்தம் கேட்டபின்தான் விழிக்கிறார்கள். எப்போது சொல்வது என்பதும் இதே அளவு முக்கியம். ஓட்டத்தின் நடுவே ஆபத்துக் கட்டளை மட்டும் போதும். மற்றதெல்லாம் குதிரை நடைக்கு வந்து, வார் தளர்ந்து, மூச்சு சீரான பிறகு. அந்த இடைவெளியில் சொன்ன கடுமையான குறையைக்கூட மாணவரின் உடல் தாங்கிக்கொள்ளும், குதிரையிடம் கடத்தாது. குதிரையிடம் கோபத்தோடு போகாதே என்று கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் எழுதி 2,300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த விதியை ஓட்டுபவரோடு நிறுத்தாமல் ஓட்டுபவரின் ஆசிரியருக்கும் நீட்டியிருக்க வேண்டும். நீட்டத் தவறியதன் விளைவைத்தான் மூன்று காணொளிகளில் பார்த்தோம்.

வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாலரை நூற்றாண்டைக் கடந்த அந்தப் பள்ளியில் புதிதாகச் சேர்பவரை, பழுத்த அனுபவமுள்ள குதிரையின் மேல் ஏற்றி, நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடுவார்கள். அங்கவடி கிடையாது, கையில் வாரும் கிடையாது. மாதக்கணக்கில் இதுதான். வாரைப் பிடித்துத் தொங்காமல் உட்கார உடல் கற்றுக்கொண்ட பிறகே குதிரையின் வாயைத் தொட அனுமதி. இதைவிடக் கண்டிப்பான பாடம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கண்டிப்பு பாடத்தின் அமைப்பிலேயே இருப்பதால், ஆசிரியர் குரலை உயர்த்தத் தேவையே வருவதில்லை. இடுப்பு இறுகினால் குதிரை நடையை மாற்றும், தளர்ந்தால் சீராக்கும். பதில் உடனே கிடைக்கிறது, அவமானம் இல்லாமல் கிடைக்கிறது. அந்தப் பள்ளியை நெடுங்காலம் நடத்திய அலோய்ஸ் பொதாய்ஸ்கி தன் நூலுக்கே என் குதிரைகள், என் ஆசிரியர்கள் என்று பெயர் வைத்தார்.

இன்றைய போட்டி உலகம் இழந்துவிட்டது இதைத்தான். பழகிய மூத்த குதிரைகளைப் பாடத்துக்கென்று வைத்திருக்க லாயங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. தீனி, லாடம், மருத்துவர், இடம் எல்லாமே செலவு, பரிசுப் பணமோ வராது. பதக்கக் கனவோடு வரும் குடும்பம் இளம் குதிரையாகப் பார்த்து வாங்குகிறது. ஒன்றும் அறியாத குதிரைமேல் ஒன்றும் அறியாத பிள்ளை. மூத்த குதிரை மௌனமாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதையெல்லாம் இப்போது தரையில் நிற்கும் ஒருவர் வாயால் சொல்லியாக வேண்டும். தொண்டை வறள்கிறது, பொறுமை போகிறது, சவுக்கு கைக்கு வருகிறது. பயிற்சியாளர்களின் குணத்தைத் திருத்த வகுப்பு நடத்தும் சங்கங்கள், அந்தப் பணத்தில் ஒரு பங்கை வயதான பாடக் குதிரைகளை வைத்திருக்கும் லாயங்களுக்கு உதவித்தொகையாகக் கொடுத்தால், தடைகளும் அபராதங்களும் செய்ய முடியாததை அது செய்யும் என்பது என் உறுதியான கணிப்பு.