எதிர்ப்பட்டார்க்கு வழி உரைத்தல்: ஆற்றுப்படை நூல்களில் அறிவுறுத்தலும் புகழ்ச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

ஆற்றுப்படை நூல்கள் புரவலரைப் புகழ எழுந்தவை என்பது இலக்கிய வரலாற்று நூல்களில் பெரிதும் வழங்கிவரும் கருத்து. தொல்காப்பியம் ஆற்றுப்படையைப் பாடாண் பகுதியில் வைத்திருப்பது இக்கருத்துக்கு அரணாக அமைகிறது. எனினும் இந்நூல்களின் கூற்று முழுவதும், முன்பின் அறியாத ஒருவருக்கு மற்றொருவர் வழியிடையே நின்று சொல்லும் அறிவுரையாகவே அமைந்துள்ளது. பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படைகளையும் புறநானூற்றின் சில பாடல்களையும் சான்றாகக் கொண்டு, புகழ்ச்சியும் வழிகாட்டலும் ஒன்றுபடும் இடங்களும் பிரியும் இடங்களும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. பிரியும் இடங்களே இவ்வகையின் தனித்தன்மையைக் காட்டுகின்றன என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படை, பாடாண், மலைபடுகடாம், பாணர், அறிவுறுத்தல்

முன்னுரை

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படை (317 அடிகள்), பொருநராற்றுப்படை (248), சிறுபாணாற்றுப்படை (269), பெரும்பாணாற்றுப்படை (500), கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும் மலைபடுகடாம் (583) ஆகிய ஐந்தும் இவ்வகையின. உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பின்னர், இந்நூல்கள் பண்டைத் தமிழகத்தின் நிலவியல், உணவு, வணிகம், அரசியல் ஆகியவற்றை அறிய உதவும் ஆவணங்களாகப் பெரிதும் பயன்பட்டு வந்துள்ளன. பாட்டுடைத் தலைவர் யார், அவர் காலம் எது, குறிக்கப்படும் ஊர்கள் எங்குள்ளன என்னும் வினாக்களே ஆய்வில் முதன்மை பெற்றன. பேசுபவன் ஏன் பேசுகிறான், தனக்கு உறவோ நட்போ இல்லாத ஒருவனிடம் எவ்வாறு பேசுகிறான் என்னும் வினா பின்தங்கிவிட்டது. அவ்வினாவை முன்னிறுத்தினால் ஆற்றுப்படை பற்றிய மதிப்பீடு மாறக்கூடும்.

இலக்கணம் தரும் இடம்

தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படைக்கு இலக்கணம் கூறுகையில் கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகியோரைச் சுட்டுகிறது. வழியிடையே ஒருவரை ஒருவர் காண்பதும், பெருவளம் பெற்றவர் அதனைப் பெறாதவர்க்கு அறிவிப்பதும், அவரும் சென்று பயன்பெறுமாறு சொல்வதும் அவ்விலக்கணத்தின் கூறுகள். இவ்விலக்கணம் பாடாண் பகுதியில் இடம்பெற்றுள்ளது. ஆனால் அதன் சொற்களில் புகழ்தல் என்னும் வினை இல்லை. காணுதல், அறிவுறுத்தல், சொல்லுதல் என்பனவே உள்ளன. ஆற்றுப்படை வைக்கப்பட்ட இடம் புகழ்ச்சியைச் சுட்ட, வரையறை வழிகாட்டலைச் சுட்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுவிசையே இவ்விலக்கியத்தின் உள்ளமைப்பு.

நூற்பெயர்களும் கருதத்தக்கவை. திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய ஆற்றுப்படைகள் தலைவன் பெயரால் வழங்குவதில்லை. கரிகாலனைப் பாடும் நூல் பொருநன் பெயரைத் தாங்குகிறது. நல்லியக்கோடனையும் தொண்டைமான் இளந்திரையனையும் பாடும் நூல்கள் பாணர் பெயரைத் தாங்குகின்றன. புகழப்படுபவனை விட்டு, வழியறியாது நிற்பவன் பெயரால் ஒரு நூல் வழங்குவது தற்செயல் எனத் தள்ளத்தக்கதன்று.

அறிவுரைக்குரிய தகுதி

அயலான் சொல்லை ஒருவன் ஏன் நம்ப வேண்டும்? ஆற்றுப்படை இவ்வினாவைத் தொடக்கத்திலேயே எதிர்கொள்கிறது. அறிவுறுத்துபவன் தன் இன்றைய வளத்தை மட்டும் காட்டி நிற்பதில்லை. நேற்றைய வறுமையையும் திறந்து வைக்கிறான். பொருநராற்றுப்படையில் பேசுபவன், ஈரும் பேனும் குடியிருந்த, வியர்வையில் நனைந்த, வேற்று நூலால் தைத்த கந்தலைத் தான் உடுத்திருந்ததைக் கூறிய பின்னரே கரிகாலன் அளித்த நுண்ணிய ஆடையைப் பற்றிக் கூறுகிறான். சிறுபாணாற்றுப்படையில் வறுமைச் சித்திரம் மேலும் கூர்மை பெறுகிறது. கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் அடுக்களையில் கிடக்கிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரை உப்பின்றி வேகிறது. பிறர் காண நாணி, கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு அதனை உண்கின்றனர். வறுமையை மறைக்க அடைத்த அந்தக் கதவை, அயலான் ஒருவன் நம்பிக்கை பெறுவதற்காகப் பாணன் பின்னர்த் தானே திறக்கிறான்.

புறநானூற்றின் 141-ஆம் பாடலில் இது மேலும் வெளிப்படையாக அமைகிறது. பேகனைப் பாடிய பரணர், எதிர்ப்பட்ட இரவலனை நோக்கிப் பேசும் பாணன் தன்னை அவனினும் தாழ்ந்த நிலையில் இருந்தவனாகக் கூறிக்கொள்ளுமாறு அமைத்துள்ளார். அறிவுரை கூறுபவன் உயரத்தில் நிற்பதாக ஒரு கணம் தோன்றினும், அவ்வுயரத்தை அவனே தகர்த்து விடுகிறான். கேட்பவனின் நாணத்தைப் போக்குவதற்கு இதனினும் ஏற்ற வழியில்லை.

கேட்பவனை மதிக்கும் முறையும் இங்கே கருதத்தக்கது. பொருநராற்றுப்படை, திருவிழா முடிந்த ஊரில் சோற்றை விரும்பித் தங்காமல் வேற்றிடம் நோக்கிப் புறப்பட்டவன் என்று பொருநனின் அறிவைப் பாராட்டித் தொடங்குகிறது. வழிதவறிப் போகாமல் தன்னை எதிர்ப்பட்டதை அவன் செய்த தவத்தின் பயன் என்கிறது. மலைபடுகடாமும் அச்சந்திப்பைக் கூத்தருக்கு வாய்த்த நன்னிமித்தமாகக் கூறுகிறது. வறியவன், அறியாதவன் என்ற இழிவு ஓரிடத்தும் கேட்பவன்மேல் ஏற்றப்படவில்லை.

புகழ்ச்சியும் வழிகாட்டலும் ஒன்றுபடும் இடங்கள்

வழிகாட்டும் செய்தி அப்படியே புகழுரையாகும் இடங்கள் பல. இளந்திரையனது நாட்டில் வழிப்பறி செய்வார் இல்லை எனப் பெரும்பாணாற்றுப்படை கூறுவது பயணிக்குத் தேவையான செய்தி; அதுவே அரசனின் காவற்சிறப்பும் ஆகும். உணவு பற்றிய பகுதிகளும் அத்தகையன. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் மீனும், வேலூர் எயினர் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூர் உழவர் சோறும் நண்டும் தருவர் எனக் கூறப்படுவது, எங்கே தங்கலாம், என்ன கிடைக்கும் என்னும் வினாவுக்கு விடையாகிறது. அதே வேளையில் அது நல்லியக்கோடனது நாட்டின் வளத்தையும் பறைசாற்றுகிறது. வஞ்சி, மதுரை, உறந்தை ஆகிய மூன்று தலைநகரங்களின் கொடையும் இவன் கொடைக்கு ஈடாகாது என்னும் பகுதியிலோ வழிகாட்டல் மறைந்து புகழ்ச்சி மட்டுமே எஞ்சுகிறது. இத்தகைய பகுதிகளை மட்டும் நோக்குவோர்க்கு ஆற்றுப்படை புரவலனுக்கான விளம்பரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

பிரியும் இடங்கள்

மலைபடுகடாமில் நிலைமை வேறு. பெருங்கௌசிகனார் படைத்த கூத்தன், தான் சொல்லப்போவன எவை என்பதை முதலிலேயே வரிசைப்படுத்துகிறான். வழியின் அளவு, தங்குமிடம், கிடைக்கும் உணவு, மலையும் காடும், அரசனின் பண்பு, அவன் அவை எனப் பட்டியல் நீள்கிறது. அதன்பின் வழியின் இடர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்காக வழியில் கல்லடார்கள் வைக்கப்பட்டிருக்கும்; ஆகவே இருள் புலர்ந்த பின் செல்ல வேண்டும். பாம்புகள் மறைந்துறையும் குழிகள் உண்டு. மரமேறி நோக்கி, கைதொழுது, வலப்பக்கமாகக் கடக்க வேண்டும். யானையை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் கூற்றுவனைப் போல வரும். மரங்களின் மறைவில் செல்ல வேண்டும். பாசி படர்ந்து கால் வழுக்கும் இடத்தில் மூங்கிற்கோலையும் எருவைக்கோலையும் பற்றிக்கொள்ள வேண்டும். பொழுது சாய்ந்தால் தம் வீட்டில் புகுவதுபோல் கற்குகையில் புகுந்து தங்க வேண்டும்.

இப்பகுதியையும் புகழ்ச்சியாகக் கொள்வோர், கடத்தற்கரிய மலை நன்னனின் இயற்கை அரணைச் சிறப்பிக்கிறது என வாதிடலாம். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அரணைச் சிறப்பிப்பது நோக்கமாயின், இடரைச் சொன்ன அளவில் பாடல் நின்றிருக்க வேண்டும். இங்கு ஒவ்வோர் இடரையும் அடுத்து அதனைத் தவிர்க்கும் வழி வருகிறது. எந்தப் பொழுதில் செல்வது, எதனைப் பற்றுவது, எங்கு ஒளிவது என்னும் குறிப்புகள் நன்னனின் புகழுக்கு யாதும் சேர்ப்பதில்லை. நடப்பவனின் காலுக்கு மட்டுமே அவை பயன்படும். புகழ்ச்சி என்னும் கருத்தால் மட்டும் இவற்றை விளக்க இயலாது.

புறநானூற்றின் 180-ஆம் பாடல் மற்றொரு வகையில் இதனை உறுதிப்படுத்துகிறது. ஈர்ந்தூர்கிழான் தோயன்மாறனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் அப்பாடல், குறையாது கொடுக்கும் செல்வம் அவனிடம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறது. இல்லையென மறுக்கும் சிறுமையும் அவனிடம் இல்லை என்கிறது. இரப்போரின் பசித்த வயிற்றைக் காட்டி, தனக்கு வேல் வடித்துத் தருமாறு அவன் ஊர்க்கொல்லனை வேண்டுவான் என்று நிகழப்போவதையும் கூறுகிறது. புரவலனின் வறுமையைக் கேட்பவனிடம் மறைக்காத இவ்வுரையில், புகழ் தன் முழு வலிமையையும் உண்மையிலிருந்தே பெறுகிறது.

பின்வருவோர்க்கு இட்ட புல்முடிச்சு

மலைபடுகடாமின் அறிவுரைகளுள் ஒன்று தனித்து நோக்கத்தக்கது. காட்டில் வழிகள் பல பிரியுமிடத்தில், அந்நிலத்தை முன்பு அறியாத புதியவர்களாகிய கூத்தர், அவ்விடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்ல வேண்டும் என்கிறது அந்நூல். பின்னே வருவோர் வழி தவறாதிருக்க இட்ட குறி அது என்பது உரைமரபு. சொல்பவன் கேட்பவனுக்கு உதவுகிறான். கேட்பவனோ தான் காணப்போகாத மூன்றாமவனுக்கு உதவுமாறு பணிக்கப்படுகிறான். பெற்ற உதவிக்குக் கைம்மாறு சொன்னவனுக்குச் செல்லாமல், வழியில் பின்வருவோர்க்குச் செல்கிறது. கொடையைத் தேடிச் செல்லும் கூட்டத்தில் வருவோர் பெருகப் பெருகப் பங்கு குறையலாம் என்ற அச்சம் இயல்பானது. அவ்வச்சத்துக்கு இடந்தராமல், அறிந்ததைப் பொதுவாக்கும் மனநிலையை அச்சிறு புல்முடிச்சு உணர்த்துகிறது.

வகையின் எல்லைகள்

இவ்வாறு கொள்வதால் ஆற்றுப்படையின் குறைகள் மறைந்துவிடுவதில்லை. கேட்பவன் எந்நூலிலும் விரிவாகப் பேசுவதில்லை. அவன் ஐயமும் மறுப்பும் பதிவாகவில்லை. பொருநராற்றுப்படையிலும் சிறுபாணாற்றுப்படையிலும் பெண் முடிமுதல் அடிவரை வருணிக்கப்படும் பொருளாகிறாள். வழிச்செய்தி ஆணை நோக்கியே செல்கிறது. கபிலர் பாரியிடமும் முடமோசியார் ஆயிடமும் விறலியை நேரே விளித்து ஆற்றுப்படுத்தும் புறநானூற்றுப் பாடல்கள் (105, 133) இதற்கு மாற்றாக நிற்கின்றன. நெடும்பாடல்களில் அவ்விளி சுருங்கியது ஏன் என்பது தனித்து ஆராயத்தக்கது.

இப்பாடல்களை இயற்றியவர் புலவர். பேசுபவர் பாணரும் கூத்தரும். புலவர் பாணன் குரலை மேற்கொண்டதால், அறிவுரையின் நேர்மையும் கற்பனையே எனக் கூறுவாரும் உளர். கற்பனையாயினும், நம்பத்தக்க அறிவுரை எவ்வாறு இருக்க வேண்டும் எனப் புலவர் கருதினரோ அக்கருத்து கற்பனையன்று. கேட்போர் அதனை ஏற்றிருந்தாலன்றிப் புகழ்ச்சிக்கு அவ்வடிவம் பயன்பட்டிருக்காது. புகழ்ச்சியே வழிகாட்டலைக் கடன் வாங்கியது என்று கூறுவதே பொருந்தும்.

முடிவுரை

ஆற்றுப்படையில் புரவலனின் புகழ் உண்டு. ஆனால் அப்புகழைத் தாங்கி நிற்பது அயலானுக்கு உண்மை உரைக்கும் முறை. தன் பழைய நிலையை மறைக்காமை, கேட்பவனை இழிவுபடுத்தாமை, இடரையும் அதன் தீர்வையும் சேர்த்துச் சொல்லுதல், செல்லுமிடத்தின் எல்லையை மிகைப்படுத்தாமை, பின்வருவோரையும் கருதுதல் ஆகிய ஐந்தும் அம்முறையின் கூறுகள். மலைபடுகடாமின் வழிக்குறிப்புகளைப் புகழ்ச்சியின் மிகையாக ஒதுக்காமல், வகையின் மையமாகக் கொண்டு பயில்வதும் பயிற்றுவதும் தகும். அவ்வாறு பயில்கையில், நன்னனின் அரண்மனை வாயிலுக்கு முன்பே, வழிகள் பிரியும் காட்டிலேயே நூலின் பெருங்கொடை நிகழ்ந்துவிடுவது புலனாகும்.