கல்லும் சாட்சியும்

இறந்தவரைப் பற்றி எழுதும் எழுத்துக்கென ஓர் ஆபத்து உண்டு. உயிரோடிருப்பவன் தன்மேல் சுமத்தப்படும் பழியை மறுக்கலாம். புகழ் அளவு மீறினால் நாணித் தடுக்கலாம். மண்ணுக்குள் போனவனுக்கு இவ்விரண்டும் இயலா. மகன் ஏற்றும் புகழும் அண்டை வீட்டான் தூற்றும் பழியும் மறுப்பாரின்றி அவன் பெயரோடு நின்றுவிடுகின்றன. புரவலன் மறைந்தபோது புலவன் கலங்கிப் பாடக் கையறுநிலை என்றொரு துறை தமிழில் அமைந்தது. ஆனால் பன்றி திருடியவனுக்கும், ஊர்க் குடிகாரனுக்கும், எட்டுப் பிள்ளைகளைப் பறிகொடுத்த உழவன் மனைவிக்கும் யார் பாடுவது? பாடினாலும், அவர்களைப் பற்றி எந்த அளவுக்கு உண்மை பேசலாம்?

இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்ட நூல், அமெரிக்கக் கவிஞர் எட்கர் லீ மாஸ்டர்ஸ் 1915-இல் வெளியிட்ட 'ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி'. ஒரு குன்றின்மேல் அடக்கம் செய்யப்பட்டவர்கள் தத்தம் கல்லறையிலிருந்து தாமே எழுந்து பேசுவதாக அமைந்த, 200-க்கும் மேற்பட்ட சிறு கவிதைகளின் தொகுப்பு இது. ஸ்பூன் ரிவர் என்னும் ஊர் கற்பனை. ஆனால் அப்பெயருடைய ஆறு உண்டு. இல்லினாய் மாநிலத்தின் ஃபுல்டன் கவுண்டியில், லூயிஸ்டவுன் என்னும் சிற்றூரை அடுத்து ஓடி இல்லினாய் ஆற்றில் கலக்கிறது. கவுண்டி என்பது அந்நாட்டில் மாநிலத்தின் உட்பிரிவு. நம் மாவட்டம் போன்றது. 1868-இல் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்த மாஸ்டர்ஸ், மெனார்டு கவுண்டியின் பீட்டர்ஸ்பர்க்கிலும் இந்த லூயிஸ்டவுனிலும் வளர்ந்தார். பின்னர் சிகாகோவில் வழக்கறிஞரானார். செயின்ட் லூயி நகரத்து இதழாசிரியர் வில்லியம் மரியன் ரீடி அவர் கையில் பழைய கிரேக்கக் கல்லறைப் பாக்களும் அடங்கிய தொகை நூலைக் கொடுத்தார். அதன் தூண்டுதலால் பிறந்த இக்கவிதைகள் 1914 மே முதல் ரீடியின் இதழில், வெப்ஸ்டர் ஃபோர்டு என்ற புனைபெயரில் தொடர்ந்து வந்தன.

இந்நூலின் அருமையை உணர, அதற்கு முன் அக்கவுண்டிகளின் முதற்குடிகள் எவ்வாறு நினைக்கப்பட்டனர் என்பதை அறிதல் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் கவுண்டி வரலாறு என்றொரு நூல்வகை பெருகியது. ஃபுல்டன் கவுண்டிக்கும் 1879-இல் அத்தகைய வரலாறு ஒன்று அச்சேறியது. காடு திருத்தியவர், முதல் மாவரைக்கும் ஆலை வைத்தவர், முதல் பள்ளி நடத்தியவர் ஆகியோரின் செய்திகள் இவ்வகை நூல்களால்தாம் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் அவை பெரும்பாலும் முன்பணம் கட்டிய சந்தாதாரரை நம்பி வெளியிடப்பட்டவை. பணம் கட்டியவரின் வாழ்க்கைக் குறிப்பு விரிந்தது. கட்ட இயலாதவர் ஒரு வரியோடு நின்றார், அல்லது அதுவுமின்றிப் போனார். குறிப்பிற்குரிய செய்தியைத் தந்தவர்களும் அக்குடும்பத்தாரே. எனவே அந்நூல்களில் உழைப்பாளியல்லாத தந்தை இல்லை; அன்பில்லாத கணவன் இல்லை; கடன்பட்டு ஓடியவன் ஒருவனும் இல்லை.

இக்குறையை மாஸ்டர்ஸ் நன்கறிந்திருந்தார் என்பதற்கு ரிச்சர்டு போன் என்னும் பாத்திரமே சான்று. அவன் கல்லறைக் கற்களில் எழுத்துப் பொறிக்கும் கற்றச்சன். ஊருக்கு வந்த புதிதில், உறவினர் எழுதித் தருவது மெய்யா பொய்யா என்று அவனுக்குத் தெரியாது, கேட்டதைப் பொறித்தான். நாளடைவில் இறந்தவர் வாழ்ந்த வாழ்க்கையையும் கல் கூறும் புகழையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவு வந்தது. அதன் பின்னும் கூலிக்குப் பொறித்துக்கொண்டுதான் இருந்தான். உண்மை அறியாமல் எழுதும் வரலாற்றாசிரியனும், அறிந்தும் ஒருவர் வயப்பட்டு மறைப்பவனும் தன் இனமே என்று அவன் முடிக்கிறான். நூல் முழுவதற்கும் இக்கவிதையைத் திறவுகோலாகக் கொள்ளலாம். கற்றச்சன் பொறித்த பொய்யை அழித்து, அவ்விடத்தில் இறந்தவனின் சாட்சியத்தை வைப்பதே கவிஞர் மேற்கொண்ட பணி.

ஆனால் சாட்சியம் என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா? வழக்கு மன்றத்தில் பழகிய மாஸ்டர்ஸ் அங்ஙனம் எண்ணவில்லை. ஒரு சாட்சியை மற்றொரு சாட்சியோடு மோதவிடுவதே அவர் முறை. நூலின் உயிர்நாடி இதில்தான் உள்ளது.

உள்நாட்டுப் போரில், 1863-ஆம் ஆண்டின் மிஷனரி ரிட்ஜ் சண்டையில் மாண்டவனாக நோல்ட் ஹோஹைமர் வருகிறான். நாட்டுக்காக உயிர் துறந்தான் என்னும் பொருளில் அவன் கல்லின்மேல் இலத்தீன் சொற்கள் உள்ளன. அவனுக்கோ அச்சொற்களின் பொருளே தெரியாது. பன்றி திருடிய குற்றத்துக்குச் சிறை சென்றிருந்தால் பிழைத்திருக்கலாமே என்பதுதான் அவன் வருத்தம். இதைப் படித்ததும், கல்லின் பொய் வெளிப்பட்டது, இனி உண்மை நம் கையில் என்று மகிழ்கிறோம். அடுத்த கவிதையில் லிடியா பக்கெட் என்னும் பெண் பேசுகிறாள். அவன் போருக்குப் போனது திருட்டு வழக்குக்கு அஞ்சி அன்றாம், தன்னை வேறொருவனுடன் கண்டு மனம் முறிந்தானாம், அதன் பின்னரே பன்றி திருடினானாம், போருக்கும் போனானாம். கல் ஒன்று கூறியது; இறந்தவன் ஒன்று கூறினான்; அவள் மற்றொன்று கூறுகிறாள். மூன்றில் எது உண்மை? கவிஞர் தீர்ப்புக் கூறவில்லை. லிடியாவின் கூற்றிலும் தன்னை முதன்மைப்படுத்திக்கொள்ளும் ஆசை இல்லையா என்று ஐயுறும் உரிமையை நமக்கே விட்டுவிடுகிறார்.

இதனினும் ஆழமானது மினெர்வா ஜோன்ஸின் கதை. கவிதை எழுதிய அந்த ஏழைப் பெண்ணின் உருவத்தைக் கண்டு ஊர் இளைஞர் நகையாடினர். பட்ச் வெல்டி என்பவன் அவளைக் கெடுத்தான். உதவி வேண்டி மருத்துவர் மேயர்ஸிடம் சென்றவள் அங்கேயே இறந்தாள். அவளும், உதவப்போய் ஊரின் பழியும் வழக்கும் சுமந்த மருத்துவரும், கணவரின் பேச்சை இறுதிவரை நம்பாத அவர் மனைவியும் ஒருவர்பின் ஒருவராகப் பேசுகின்றனர். இறுதியில் வெல்டி பேசுகிறான். சமயப் பற்றுக் கொண்டு திருந்திய பின் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்ததையும், விபத்தில் கால்கள் முறிந்து கண்ணிழந்ததையும், முதலாளி பொறுப்பல்லர் என்று நீதிபதி கூறிவிட்டதையும் சொல்கிறான். தனக்கிழைத்த அநீதியை ஒன்றுவிடாமல் கூறுபவன், மினெர்வாவின் பெயரை ஒருமுறையும் உச்சரிப்பதில்லை. அந்த மௌனத்தைக் கவிஞர் சுட்டிக்காட்டவுமில்லை. நாமே உணர்ந்து திடுக்கிடுகிறோம். இறந்தவரின் வாழ்வை உண்மையாக நினைவுகூர்தல் என்பது அவர் சொன்னதைக் கேட்பதோடு முடிவதன்று, சொல்லாமல் விட்டதையும் கேட்பது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலுமா?

இம்முறை எங்கே கைவிடப்படுகிறதோ அங்கே நூல் தாழ்கிறது. பத்திரிகாசிரியர் வெடன் என்னும் பாத்திரம் தன் கயமை முழுவதையும் தானே அடுக்கிக் கூறிவிட்டு, ஊர்க் கழிவு கொட்டும் இடத்தருகே தான் கிடப்பதையும் கூறுகிறது. எந்த மனிதனும் தன்னைப் பற்றி இவ்வளவு ஒழுங்காகக் குற்றப்பத்திரிகை படிப்பதில்லை. இங்கே பேசுபவர் வெடன் அல்லர்; அவரை வெறுத்த கவிஞர். ஒரே குரல் ஒலித்து, மறுக்கும் குரல் எழாத இத்தகைய இடங்களில், புகழ்க்கல்லுக்கு மாற்றாக வசைக்கல் ஒன்று நடப்படுகிறது. பொய்யின் திசை மாறியதேயன்றிப் பொய் நீங்கவில்லை.

இது வெறும் கலைக்குற்றம் அன்று. ஆற்றங்கரை ஊர்களின் கல்லறைகளில் கண்ட பெயர்களைப் பிரித்தும் கூட்டியும் மாஸ்டர்ஸ் தம் பாத்திரங்களுக்குச் சூட்டினார். லூயிஸ்டவுன் மக்கள் தம் பாட்டனையும் தாயையும் அக்கவிதைகளில் அடையாளம் கண்டனர், புண்பட்டனர். ஊர் நூலகம் பல ஆண்டுகள் இந்நூலை ஏற்கவில்லை. நூலகக் குழுவில் இருந்த கவிஞரின் தாயாரே அத்தடைக்கு வாக்களித்தார். அவர்களைக் குறுகிய நெஞ்சினர் என்று எள்ளுதல் எளிது. ஆயினும் மறுமொழி கூற இயலாத தம் முன்னோர் சார்பில் அவர்கள் நின்றனர் என்பதையும் நடுநிலையாளர் மறத்தலாகாது. நூலைத் தடுத்தது தவறு. ஆனால் அவர்கள் எழுப்பிய வினா தவறன்று.

இருட்டை மட்டுமே கண்டவர் மாஸ்டர்ஸ் என்னும் குற்றச்சாட்டோ நிற்காது. தம் பாட்டியை நினைந்து அவர் படைத்த லூசிண்டா மாட்லக், 12 பிள்ளைகளைப் பெற்று, தன் அறுபது வயதுக்குள் எட்டுப் பேரை இழந்து, நூற்றும் நெய்தும் நோயாளரைப் பேணியும் 96 வயது வரை வாழ்ந்து, போதும் என்று கண்மூடியவள். அவள் குரலில் புலம்பல் இல்லை. பின்வந்த தலைமுறையின் சலிப்பைக் கடிந்துகொள்ளும் உரம் இருக்கிறது. கான்கார்டு தேவாலயத்தில் கூடிய முதற்குடிகளின்முன் நின்ற ஆரன் ஹாட்ஃபீல்டின் வாயிலாக, கருங்கல்லினும் ஊரார் நெஞ்சில் பதிந்த தோற்றமே மேலானது என்னும் கருத்தும் வைக்கப்படுகிறது. இவை புகழ்ச்சியே. ஆனால் குன்றின் மற்றக் குரல்களையும் கேட்டபின் வருவதால், விலைக்கு வாங்கிய புகழ் என்று இவற்றை எவரும் ஐயுறுவதில்லை.

இனி ஒரு விந்தையைக் காண்போம். நியூ சேலம் என்னும் சிற்றூரில் வாழ்ந்து 1835-இல், 22 வயதில் மறைந்தவள் ஆன் ரட்லெட்ஜ். அவளை இளைஞரான ஆபிரகாம் லிங்கன் காதலித்தார் என்ற செய்தி, அவருடைய சட்டத்தொழில் கூட்டாளி வில்லியம் ஹெர்ன்டன் 1866-இல் ஆற்றிய சொற்பொழிவால் பரவியது. அக்காதலின் உண்மை குறித்து வரலாற்றறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். மாஸ்டர்ஸோ அதனை ஐயத்துக்கு இடமின்றி அவள் வாயாலேயே கூறச் செய்தார். பின்னர் அக்கவிதை பீட்டர்ஸ்பர்க்கின் ஓக்லாந்து கல்லறைத் தோட்டத்தில் அவள் பெயரால் நாட்டிய கருங்கல்லில் பொறிக்கப்பட்டது. கற்களின் பொய்யைச் சாட வந்த கவிஞரின் சொல்லே, ஐயத்துக்குரிய செய்தியைத் தாங்கிய கல்லாக நிற்கிறது! 1950-இல் மறைந்த கவிஞரும் அதே தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். ரிச்சர்டு போன் இதைக் கண்டால் என்ன சொல்வான்?

இறுதியாக ஒன்று கேட்க வேண்டியுள்ளது: குன்றில் யாருக்கு இடம் கிடைத்தது? ஒரு சீனச் சிறுவன் பேசுகிறான். பாதிரியார் மகனின் கைக்குத்தால் உயிரிழந்த அவன், தன் கல்லறையை வணங்கப் பிள்ளைகள் இல்லையே என்று ஏங்குகிறான். வெள்ளையரின் கேலிக்கு ஆளான கறுப்பினக் கொல்லன் ஒருவன் பேசுகிறான். இவை அக்காலத்துக்கு அரிய குரல்கள். ஆயினும் இவர்கள் எல்லோருக்கும் முன்பே அவ்வாற்றங்கரையில் வாழ்ந்து மடிந்த செவ்விந்தியருக்கென அக்குன்றில் ஒரு கல்லறை இல்லை.

அவர்களுக்கு நேர்ந்தது வேறு. ஸ்பூன் ஆறு இல்லினாய் ஆற்றோடு கலக்கும் இடத்தருகே, லூயிஸ்டவுனிலிருந்து சிறு தொலைவில், டிக்சன் மேடு என்னும் பழைய அடக்கத்தலம் உள்ளது. 1927-இல் அந்நிலத்துக்குரிய குடும்பத்தைச் சேர்ந்த டான் டிக்சன் அதைத் தோண்டினார். 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளைக் கிடந்த நிலையிலேயே விட்டு, மேலே கூரை அமைத்து, காட்சிப் பொருளாக்கினார். 1945-இல் மாநில அரசு அதனை ஏற்றது. செவ்விந்தியர்களின் எதிர்ப்புக்குப் பின் 1992-இல்தான் அக்காட்சி மூடப்பட்டது. ஒரே கவுண்டியில் ஒருசாரார் தம் முன்னோரைப் பற்றிய கவிதையே அவமதிப்பு என்று வருந்தினர்; மறுசாராரின் முன்னோரோ பெயரும் சொல்லும் இன்றிப் பார்வையாளர்முன் திறந்து கிடந்தனர்.

முதற்குடிகளின் வாழ்வையும் சாவையும் எழுதப் புகுவோர்க்கு இந்நூல் கற்பிப்பது யாது? புகழ மட்டும் எழுதினால் கற்றச்சனாவோம். இகழ மட்டும் எழுதினால் புறங்கூறுவோராவோம். ஒருவரைப் பற்றிப் பலரையும் பேசவிட்டு, அவற்றின் முரண்பாட்டை மறைக்காமல் வைத்து, பேசாதவரின் இடத்தையும் வெறுமையாகவே காட்டிச் செல்லும் எழுத்தே இறந்தவர்க்குச் செய்யும் நீதி. மாஸ்டர்ஸ் அதனைப் பல இடங்களில் செய்தார். சில இடங்களில் தவறினார். அவர் செய்ததையும் தவறியதையும் ஒருங்கே எடுத்துக்கூறுவதுதான், புகழ்க்கல்லை வெறுத்த அக்கவிஞருக்கு நாம் ஆற்றக்கூடிய மரியாதை.