செலவும் உறவும்: மணிமேகலை வழியே ஒரு நோக்கு

அயல்நகர் சென்றவர் அங்கே முன்பு கண்டறியாத உறவினரைச் சந்தித்தல் பயண இலக்கியத்திற் பலகாலும் இடம்பெறும் நிகழ்ச்சியாகும். புலம்பெயர் வாழ்வு பெருகிய பின்னர் ஈழத்துப் பயணக் கட்டுரைகளில் இது தனியோர் இடத்தைப் பெற்றுள்ளது. முறை சொல்லி அடையாளங் காணல், பழைய நிழற்படங்களைப் பார்த்தல், ஊர்ச் சமையலில் விருந்து, பிரியுங்காற் கண்ணீர் என அதன் அமைப்பும் ஏறத்தாழ உறுதிப்பட்டுவிட்டது. இச்சந்திப்பினாற் படைப்பிற்கு விளையும் பயன் யாது என்ற வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இவ்வினாவை ஆராய்வதற்கு மணிமேகலையின் ‘கச்சிமாநகர் புக்க காதை’ நல்லதோர் அளவுகோலாகும்.

முப்பது காதைகளுள் 28ஆவதாகிய இதில், வஞ்சி நகரின் பௌத்த பள்ளியில் மணிமேகலை மாசாத்துவானைச் சந்திக்கிறாள். அவன் கோவலனின் தந்தை. முறையால் அவளுக்குப் பாட்டன். எனினும் மாதவியின் மகளாகிய அவள் அவன் மனையில் வளர்ந்தவளல்லள். குருதியால் அண்மையும் வாழ்வாற் சேய்மையும் உடைய உறவு இது. கண்ணீர்க் காட்சியொன்றை நீட்டுதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை. சாத்தனாரோ அதனை நீட்டினாரல்லர்.

மாசாத்துவான் அவளுக்கு மூன்று செய்திகளை உரைக்கிறான். முதலாவது, மகனுக்கு நேர்ந்ததைக் கேட்டுத் தான் துறவுபூண்ட வரலாறு. இரண்டாவது, ஒன்பது தலைமுறைக்கு முன் சேர மன்னனின் நண்பனாய் வாழ்ந்த மற்றொரு கோவலன் அங்கே சைத்தியம் எடுத்த குடிவரலாறு. மூன்றாவது, மழை பொய்த்துக் காஞ்சி நாடு பசியால் வாடுகின்றது. அமுதசுரபியை ஏந்தியவள் அங்குச் செல்லுதல் கடன் என்னும் பணிப்பு. அவளும் காஞ்சிக்குப் புறப்படுகிறாள். எனவே இச்சந்திப்பு பயணத்தின் முடிவன்று. பயணத்தின் திசையை அறுதியிடும் திருப்பமாகும்.

ஆற்றுப்படை மரபை இவ்விடத்து நினைத்தல் தகும். அங்கே பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துகிறான். இங்கே உறவினன், கொடுக்க வல்லவளைப் பசித்தோரிடம் ஆற்றுப்படுத்துகிறான். மரபின் திசையே மாறிவிடுகின்றது. மாசாத்துவான் துறவியாதலின் அவன் கூற்று சமயப் போதனையே எனச் சிலர் மறுக்கலாம். காதையின் நோக்கம் சமயஞ் சார்ந்ததென்பது உண்மையே. எனினும் அவன் இறுதியாகச் சுட்டுவது தத்துவத்தையன்று, பசியை. அத்துடன், குடியின் துயரையும் தொன்மையையும் முன்னர் உரைத்தமையாலேயே அப்பணிப்பு உறவின் குரலாய் ஒலிக்கின்றது.

இவ்வளவுகோலை இக்காலப் பயணம் ஒன்றிற்குப் பொருத்திக் காணலாம். மத்தியதரைக் கடலின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ துறைமுகநகரில் 1980கள் முதலாக ஈழத்தமிழர் குடியேறி வாழ்கின்றனர். 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயினின்று நகரைக் காத்தவரெனப் போற்றப்படும் புனித றொசாலியாவின் குகைக்கோயில் அந்நகரை அடுத்த பெல்லெகிரினோ மலையில் உள்ளது. தமிழருட் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் அங்கு ஏறிச்சென்று வழிபடுகின்றனர். செட்டிகுளத்திலிருந்து செல்லும் ஒருவருக்கு இக்காட்சி மடுவை நினைவூட்டாதிருத்தல் அரிது. வவுனியா மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர் மடு யாத்திரிகர் செல்லும் மன்னார் வீதியில் அமைந்தது. மடுவிலும் இருசமயத்தாரும் ஒருங்கே வணங்குவர். ‘இதுவும் நமக்கு மடுவே’ என்று உறவினர் ஒருவர் கூற, நெகிழ்ச்சியோடு கட்டுரையை முடித்துவிடுதல் எளிது.

அவ்வாறு முடிப்பின் ஒப்புமை பாதியிலே நின்றுவிடும். மடு வெறும் விழாத்தலமன்று. இடம்பெயர்ந்தோர்க்கு 1990களில் அடைக்கலமாய் இருந்தது. போர் நெருங்கிய 2008 ஏப்ரலில் மடுமாதாவின் திருச்சொரூபமே அங்கிருந்து இடம்பெயர்ந்து, ஆகஸ்டில் மீண்டது. செட்டிகுளமும் வெறும் ஊர்நினைவன்று. வன்னிப் போரினின்று வெளியேறிய இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் 2009இல் அங்குள்ள மெனிக்பாம் முகாமில் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரிலேதான் அம்முகாம் மூடப்பட்டது. அத்தகைய மண்ணில் தூரத்து உறவு விருந்திற்கும் வியப்பிற்கும் மட்டும் உரியதன்று. கடல்கடந்த ஓர் உறவினரின் பெயரும் முகவரியும் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையாய் இருந்த காலம் அது.

எனவே பலேர்மோவின் உறவினர் என்ன சமைத்தார் என்பதோடு பயண எழுத்தாளன் நிறைவடைதலாகாது. அவர் எவ்வாறு அக்கரை சேர்ந்தார்? இருவரையும் இணைக்கும் குடியின் வரலாறு யாது? எவருடைய பசியை அவர் இன்னும் தம் கடனெனக் கருதுகிறார்? கேளாமலே மாசாத்துவான் விடையிறுத்த வினாக்கள் இவை. இவற்றைக் கேளாத எழுத்து உறவினரைக் கண்டதாகுமேயன்றி உறவை அறிந்ததாகாது.