காத்திருத்தலும் நெய்தலும்: மாணவரும் முதியோரும் சேர்ந்து படைத்த ஒரு நாடகம்

முதியோர் இல்லத்திற்கு மாணவர் குழு ஒன்று செல்வதும், சில பாடல்களைப் பாடுவதும், பழமும் ரொட்டியும் வழங்குவதும், ஒரு மணி நேரத்திற்குப்பின் கைகூப்பி விடைபெறுவதும் நம்மில் பலருக்கும் பழக்கமான நிகழ்ச்சிகள். அங்கு அன்பு இல்லை என்று நாம் சொல்லத் துணியோம். ஆயினும், பாடுவோர் ஒரு பக்கம், கேட்போர் மறுபக்கம் என்னும் ஒழுங்கு தொடக்கமுதல் முடிவுவரை மாறுவதில்லை. கொடுப்பவர் எப்பொழுதும் இளைஞர். பெறுபவர் எப்பொழுதும் முதியவர். இவ்வொழுங்கு மாறாதவரை இரு தலைமுறையினரிடையே மெய்யான ஐக்கியம் பிறக்குமா? இக்கேள்வியை, அமெரிக்க நாட்டில் நடந்தேறிய ஒரு நாடக முயற்சியை முன்வைத்து ஆராய விரும்புகிறோம்.

விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கிப் பகுதியில், லூத்தரன் மரபோடு தொடர்புடைய 'லூதர் மேனர்' என்னும் முதியோர் இல்லம் உள்ளது. தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளக்கூடியவர் முதல், இடைவிடாத மருத்துவப் பராமரிப்பு வேண்டுவோர் வரை பல நிலையினர் அங்கு வாழ்ந்து வந்தனர். விஸ்கான்சின் – மில்வாக்கிப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறைப் பேராசிரியை ஆன் பாஸ்டிங், அவருடைய மாணவர், 'சோஜர்ன்' என்னும் தொழில்முறை நாடகக் குழுவினர், இல்லத்தின் பணியாளர், முதியோர் ஆகிய அனைவரும் கூடி, ஹோமரின் 'ஓடிசி' காவியத்தைப் பெனலோப்பியின் பார்வையிலிருந்து மீண்டும் எண்ணிப் பார்த்தனர். 2009ஆம் ஆண்டளவில் தொடங்கிய இம்முயற்சி, 2011 மார்ச் மாதத்தில் 'பெனலோப்பியைத் தேடி' என்னும் பொருள்தரும் தலைப்போடு நாடகமாக அரங்கேறியது. பார்வையாளர் ஓரிடத்தில் அமர்ந்திராமல், இல்லத்தின் ஊடே நடந்து சென்று அதனைக் கண்டனர். பங்குபெற்றோரின் கட்டுரைகளைத் தாங்கிய நூலொன்றும் 2016இல் வெளிவந்தது.

இம்முயற்சியின் வேரைச் சற்று முன்னரே தேட வேண்டும். 1996இல், மறதி நோயுற்ற முதியோரிடையே தொண்டாற்றி வந்த பாஸ்டிங், அவர்களுடைய நினைவுகளைக் கிளறி நாடகம் ஆக்க முயன்று, வாரக்கணக்கில் பயன் காணாதிருந்தார். ஒருநாள் ஒரு பத்திரிகையிலிருந்து சிகரெட் விளம்பரப் படம் ஒன்றைக் கிழித்தெடுத்து, அதிலுள்ள குதிரைக்காரனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று வினவினார். அதுவரை வாய் திறவாதிருந்தவர்கள் பெயர் வைத்தனர், ஊர் சொன்னார்கள், சிரித்தார்கள், பாடினார்கள். சரியான விடை என்று ஒன்றில்லாத வினாவே அந்த வாசலைத் திறந்தது. 'டைம்ஸ்லிப்ஸ்' என்று பின்னர் பெயர்பெற்ற கதையாக்க முறை இவ்வாறே உருவாயிற்று.

இச்சிறு நிகழ்ச்சியை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. முதியோரிடம் நாம் வழக்கமாகக் கேட்பது அவர்களுடைய கடந்த காலத்தையே. "அந்த நாளில் எப்படி இருந்தது, ஐயா?" என்று தொடங்குகிறோம். இது மரியாதையான கேள்விதான். எனினும் நினைவு தளர்ந்தவருக்கு அது ஒரு தேர்வாக மாறிவிடுகிறது. தாம் இழந்துவிட்டதை அது மறுபடியும் அவருக்குக் காட்டுகிறது. நினைவு தளராதவரையுங்கூட, அவருடைய பங்களிப்பு முடிந்துபோன ஒன்று என்று சொல்லாமற் சொல்லிவிடுகிறது. கற்பனையோ இன்றைக்குரியது. பெயரிடும் செயலில் இருபது வயதினருக்கும் தொண்ணூறு வயதினருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. இருவரும் இன்று புதியதொன்றைப் படைக்கின்றனர். ஐக்கியத்தின் முதற்படி இதுவே என்று கருதுகிறோம்.

அடுத்து, கதைத்தேர்வைக் கவனிப்போம். ஓடிசி என்றவுடன் கடலும் போரும் அரக்கரும் நினைவுக்கு வருகின்றனர். இருபது ஆண்டுகள் வீட்டைப் பிரிந்திருந்த ஒடிசியஸே அதன் வீரன். வீட்டிலேயே இருந்த பெனலோப்பி கதையின் ஓரத்தில் நிற்பவள். அவளை நடுவில் நிறுத்தியது, எங்கும் போக இயலாதவரை நடுவில் நிறுத்தியதற்கு ஒப்பாகும். அவளோ வெறுமனே இருந்தவள் அல்லள். மாமனாரின் சவச்சீலையை நெய்து முடித்தபின்னரே மறுமணத்தைப்பற்றிப் பேசுவேன் என்று சொல்லி, பகலில் நெய்ததை இரவில் பிரித்து, மூன்று ஆண்டுகள் தன்னை முற்றுகையிட்டோரை ஏமாற்றினாள். இல்லத்து முதியோரும் மாணவரும் இக்கதையைச் சுற்றிக் கலந்துரையாடினர், நெய்தனர், நாற்காலியில் அமர்ந்தபடியே அசைவுகளைப் பயின்றனர். வீரம் என்பது யாது, அந்நியரை வரவேற்பது எங்ஙனம் என்பன போன்ற வினாக்கள் அவர்கள் நடுவில் வைக்கப்பட்டன. அவ்விடைகளிலிருந்து நாடகம் வளர்ந்தது. எழுதி முடித்த வசனத்தை முதியோர் வாயில் வைத்து ஒப்பிக்கச் செய்யும் முறையினின்று இது முற்றிலும் வேறானது.

லூத்தரன் இல்லம் ஒன்று ஏன் திருமறைக் கதையை மேடையேற்றவில்லை என்று வாசகருள் சிலர் வினவக்கூடும். நாம் இதனைக் குறையாகக் காணவில்லை. நன்கறிந்த கதையில் ஆசிரியரும் உண்டு, மாணாக்கரும் உண்டு; சரியான பொருளும் முன்கூட்டியே அமைந்துவிடுகிறது. யாருடைய வழிபாட்டிற்கும் உரியதல்லாத ஒரு பழங்கதையின்முன் எல்லாரும் ஒருசேரப் புதியவராயினர்.

இனி, இம்முயற்சியில் நமக்குத் தோன்றும் தடைகளையும் மறைக்காமல் கூறவேண்டும்.

முதலாவது, காத்திருத்தலை வீரமென்று போற்றுவதிலுள்ள ஆபத்து. பெனலோப்பி காத்திருந்தது கணவனின் வருகைக்காக. இல்லங்களில் முதியோர் காத்திருப்பதோ பல வேளைகளில் வராத பிள்ளைகளுக்காக. முன்னதன் பெருமையைப் பின்னதற்குப் போர்த்திவிட்டால், புறக்கணிப்பும் அழகாகத் தோன்றும். காக்கவைத்தவர் குற்றவுணர்வின்றிக் கைதட்டிச் செல்வர். லூக்கா காட்டும் சிமியோனும் அன்னாளும்கூடக் காத்திருந்தவர்களே. ஆனால் வந்தவரை இன்னார் என்று அறிந்து பிறருக்கு அறிவித்ததனாலேயே அவர்கள் அக்கதையில் இடம்பெறுகின்றனர். எனவே காத்திருத்தலை அன்று, காத்திருப்போரின் கண்டறியும் ஆற்றலையே போற்றவேண்டும். பெனலோப்பியின் கதையிலும் இதற்கு இடமுண்டு. பிச்சைக்காரனாக வந்தவனின் பாதத்தைக் கழுவும்போது, பழைய வடுவைத் தொட்டு அவனை அறிந்தவள் முதிய செவிலித்தாய். ஒலிவமரத்தின் அடிமரத்தில் அமைத்த கட்டிலை அசைக்கச் சொல்லி, தங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியத்தால் கணவனைச் சோதித்து அறிந்தவள் பெனலோப்பி. இளைஞர் அறியாததை முதியோர் அறிந்துகொள்ளும் இக்காட்சிகளே இக்காவியத்தில் முதியோர்க்குரிய செல்வம் எனலாம்.

இரண்டாவது, இல்லத்தையே அரங்காக்கியது பற்றியது. பிறருடைய வசிப்பிடத்தின் வழியே அந்நியர் நடந்துசென்று பார்ப்பது, பலவீனத்தைக் காட்சிப்பொருளாக்கும் செயலாகிவிடாதா? ஆகக்கூடும். அதனைத் தடுப்பது ஒன்றே: அங்கு வாழ்வோர் காட்சியாக அன்றி, விருந்தோம்புவோராக நிற்றல். லூதர் மேனரில் முதியோர் தாமே நடித்தமையாலும், நாடகத்தின் பொருளுக்குத் தாமே ஆசிரியராய் இருந்தமையாலும், பார்வையாளர் விருந்தினராயினர். இடம் வெட்கத்திற்குரியதன்று, விருந்தளிக்கத் தக்கதே என்பதும் வெளியாயிற்று. அரங்கிற்கு முதியோரை அழைத்துச் சென்று ஒளிவிளக்குகளின் கீழ் அமர்த்தியிருந்தால் இப்பொருள் கிட்டியிராது.

மூன்றாவது தடை காலத்தைப் பற்றியது. மிகக் கடுமையானதும் இதுவே. மாணவருக்குப் பருவத்தேர்வு உண்டு. பட்டம் பெற்றுப் பிரிவர். நடிகருக்கு அடுத்த ஊர் உண்டு. நிதி முடியும். முதியோர் சிலர் அரங்கேற்றத்திற்கு முன்னும், சிலர் பின்னும் மரிப்பர். பழகியவர் மறுபடியும் பிரியும்போது, முன்பிருந்த தனிமையைவிடப் புதிய தனிமை கொடிதாகாதா? இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டு ஐக்கியத்தைப்பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

இதற்கு நாடகம் தன்னளவில் முழு விடை தரவில்லை, தரவும் இயலாது. எனினும் பணியாளரைத் தொடக்கமுதலே உடன்படைப்பாளராகச் சேர்த்துக்கொண்டதில் ஒரு விடையின் வித்து உள்ளது. மாணவர் போவர்; பணியாளர் இருப்பர். மருந்தும் உணவும் கொடுக்கும் அதே கைகள், திறந்த வினா ஒன்றையும் கேட்கப் பழகிவிட்டால், படைப்பு அன்றாட வாழ்வில் நிலைபெறும். மேலும், பகலில் நெய்ததை இரவில் பிரித்த பெனலோப்பியின் தறியே இங்கு நமக்குப் போதிக்கிறது. மறதி நோயுற்றவர் இன்று சேர்ந்து படைத்த கதையை நாளை மறந்துவிடுவார். நேற்று வந்த மாணவனின் முகத்தையும் மறப்பார். அதனால் நேற்றைய நெசவு வீணாயிற்றா? சீலை எஞ்சவில்லை என்பதனால் நெய்த மணிநேரம் பொய்யாகிவிடாது. ஆனால் மறுநாளும் தறியருகே ஒருவர் வந்து அமரவேண்டும். அதைச் செய்ய ஆளில்லாதபோதுதான் இழை அறுகிறது.

ஆகவே, இந்நாடகத்தை நாம் மதிப்பிடும் அளவுகோல் அதன் மேடையழகு மட்டுமன்று. ஒருவருக்காக ஒருவர் செய்யும் பணி, ஒருவரோடு ஒருவர் செய்யும் படைப்பாக மாறியதா என்பதே அளவுகோல். அவ்வளவில் இது தேறியதென்று கருதுகிறோம். அதன் தடைகளும் பிறர் பாடம் கற்கத் தக்கவை. அதே அளவுகோலை நம்முடைய இல்லச் சந்திப்புகளின்மேல் வைத்துப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு. அடுத்தமுறை பாட்டுப் புத்தகத்தோடு புறப்படும் மாணவர், எந்தப் பாட்டைப் பாடுவது என்று தமக்குள் முடிவுசெய்வதற்கு முன்னர், அங்குள்ள முதியவரிடம் விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டு, அவர் சொல்லும் வரை பொறுத்திருப்பாராக. காத்திருத்தல் அப்பொழுது முதியோருக்கு மட்டும் உரிய வேலையாக இராது.