வாளை வியப்போர்

ஜப்பானியப் பழந்திரைப்படங்களுள் சாமுராய்ப் படங்களுக்கென உலகெங்கும் ஓர் இரசிகர் கூட்டம் உண்டு. அகிரா குரோசவா 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட "ஏழு சாமுராய்கள்", 1961-இல் வெளியிட்ட "யோஜிம்போ", மசாக்கி கோபயாஷியின் 1962-ஆம் ஆண்டுப் படமாகிய "ஹராகிரி", ஷிண்டாரோ கட்சு நடித்த பார்வையற்ற வாள்வீரன் ஸதோயிச்சியைப் பற்றிய இருபத்தாறு படங்கள் ஆகிய இவற்றை அவர்கள் ஒரு முறை பார்த்து அமைதி கொள்வதில்லை. காட்சிகளை மனப்பாடம் செய்கின்றனர். எந்த வீரன் எவனை எத்தனை வீச்சில் வீழ்த்தினான் எனக் கணக்கிடுகின்றனர். வாளின் நீளத்தையும் வளைவையும் பற்றி வழக்காடுகின்றனர். எழுபது ஆண்டுகளுக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படமொன்று, 2024-ஆம் ஆண்டு கான் திரைவிழாவில் புதுப்பித்த படியாக மீண்டும் திரையேறியமைக்கு இத்தகைய ஈடுபாடும் ஒரு காரணம் எனலாம்.

இறையியல் ஏடொன்று இதனைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என வாசகர் வினவக்கூடும். இப்படங்கள் நமது அருளுரைப் பீடங்களுக்கும் வந்துவிட்டன என்பதே நமது விடை. ஏழு வீரருள் நால்வர் ஏழை உழவருக்காக மாண்டனர். அவர்தம் கல்லறை மேடுகளின்மேல் வாள்கள் நாட்டப்பட்டு நிற்கின்றன. இதுவே சிலுவையின் நிழல் என உரைப்போரை நாம் கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு இனிய ஒப்புமைதான். ஆயின், அது படத்துக்கும் நீதி செய்யவில்லை, சிலுவைக்கும் நீதி செய்யவில்லை என்பது நமது கருத்து.

இரசிகரின் ஆர்வத்தை நாம் இழிவாகக் கருதவில்லை. மூன்றரை மணி நேரம் ஓடும் ஒரு படத்தைப் பன்முறை கூர்ந்து நோக்குவோர், பதினைந்து நிமிட அருளுரையில் கடிகாரத்தைப் பார்ப்போரைவிட ஒரு நூலை வாசிக்கத் தகுதியுடையோர். குரோசவாவின் "ராஷோமோன்" 1951-இல் வெனிஸ் திரைவிழாவின் தங்கச் சிங்கப் பரிசைப் பெற்றபின்பே மேலைநாட்டார் ஜப்பானியப் படங்களை ஊன்றி நோக்கலாயினர். அதன் தாக்கம் நம்மவரையும் எட்டியது, எஸ். பாலச்சந்தர் 1954-இல் பாடலே இல்லாமல் "அந்த நாள்" எடுத்தது அதனால் தூண்டப்பட்டே. எனவே, ஆர்வம் தவறன்று. ஆர்வம் எதன்மேல் நிலைகொண்டுள்ளது என்பதே நமது வினா.

"ஏழு சாமுராய்கள்" படத்தின் கதையைச் சுருங்கக் கூறுவோம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி. உள்நாட்டுப் போர்களால் நாடு சீர்குலைந்த காலம். வாற்கோதுமை விளைந்ததும் வந்து கொள்ளையிடுவோம் எனக் கொள்ளையர் பேசிக்கொள்வதை உழவன் ஒருவன் கேட்டுவிடுகிறான். தலைவனை இழந்து வேலையற்றுத் திரியும் சாமுராய்களுள் பசித்தவர்களைத் தேடி அமர்த்துமாறு ஊர்ப் பெரியவர் கூறுகிறார். கூலி சோறு மட்டுமே. நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தைக் கற்றோருக்கு இத்தொடக்கம் புதிதாகத் தோன்றாது. இஸ்ரவேலர் விதைத்தபோதெல்லாம் மீதியானியர் வந்து விளைவைக் கெடுத்தனர். கிதியோன் ஆலைக்கு அருகே மறைவாகக் கோதுமையைப் போரடித்தான். விளைவிப்பவன் ஒருவன், உண்பவன் வேறொருவன் என்னும் பழைய துன்பமே இரு கதைகளுக்கும் அடித்தளம்.

இன்னும் நெருங்கிய ஒப்புமை 1 சாமுவேல் 25-இல் உண்டு. தாவீதும் அவனோடிருந்தவர்களும் நாபாலின் மந்தைகளுக்கு மதிலாயிருந்தனர். அதற்கு ஈடாக உணவு கேட்டனர். மறுக்கப்பட்டபோது வாளை அரையில் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். காப்போனுக்கும் கொள்ளையிடுவோனுக்கும் இடையே எத்துணை மெல்லிய கோடு! ஏழு சாமுராய்களின் கதையிலும் கொள்ளையரும் காவலரும் ஒரே போர்க் காலத்தின் பிள்ளைகளே. இரு சாராரும் பிழைப்பற்ற ஆயுததாரிகள். ஒரு சாரார் கேட்டு உண்கின்றனர், மறு சாரார் பறித்து உண்கின்றனர். இதனைக் குரோசவா நன்கு அறிந்திருந்தார். இரசிகர் பெரும்பாலும் இதனை நோக்குவதில்லை.

அவர்கள் நோக்குவது கியூஸோவை. மெலிந்த உடல், குறைந்த பேச்சு, பிழையற்ற வாள். தன்னோடு பொருத வற்புறுத்திய ஒருவனை ஒரே வீச்சில் வீழ்த்தும் காட்சியை இரசிகர் திரும்பத் திரும்பக் காண்கின்றனர். இங்கேதான் குரோசவாவின் நுண்ணறிவு வெளிப்படுகிறது. ஏனெனில், படத்துக்குள்ளேயே ஓர் இரசிகன் இருக்கிறான். அவன் கட்சுஷிரோ, ஏழுவரில் இளையவன், வசதியான குடும்பத்துப் பிள்ளை. கியூஸோ இரவில் தனியே சென்று கொள்ளையரின் துப்பாக்கி ஒன்றைக் கைப்பற்றி விடியலில் திரும்புகிறான். இருவரைக் கொன்றதாகச் சுருக்கமாய்க் கூறிவிட்டு உறங்கச் செல்கிறான். கட்சுஷிரோ அவன்முன் மண்டியிடாத குறையாக நின்று, தாங்கள் உண்மையிலேயே பெருவீரர் என்கிறான். நமது இரசிகர் கூறுவதும் அதுவே.

அவ்வியப்பினால் விளைந்தது யாது? கட்சுஷிரோ இச்செய்தியைக் கிக்குச்சியோவிடம் மகிழ்ந்து கூறுகிறான். உழவர் குலத்தில் பிறந்து சாமுராயாக வேடமிட்டுத் திரியும் கிக்குச்சியோவுக்குப் பொறாமை மூள்கிறது. தன் காவலிடத்தை யோஹெய் என்னும் அஞ்சிய உழவனிடம் விட்டுவிட்டுத் தானும் ஒரு துப்பாக்கியைக் கவர்ந்து வருகிறான். பாராட்டை எதிர்நோக்கி வந்தவனைத் தலைவர் கம்பெய் கடிந்துகொள்கிறார். தனியொருவன் புகழுக்காகக் காவலிடத்தை விட்டகல்வது போரில் குற்றம். அதற்குள் கொள்ளையர் அவ்விடத்தின் வழியே புகுந்துவிடுகின்றனர், யோஹெய் மடிகிறான், கொரோபெய்யும் அன்றே வீழ்கிறான். வீரவழிபாடு ஒரு வாயிலிருந்து மறு செவிக்குச் சென்று, அங்கிருந்து ஓர் ஏழை உழவனின் சாவுக்குச் சென்ற வழி இது. தம்மைப் பற்றியே எடுக்கப்பட்ட இக்காட்சித் தொடரைப் படத்தின் இரசிகருள் பலர் தம்மைப் பற்றியதென உணராமலே கடந்துசெல்வது வியப்புக்குரியது.

இப்படத்தின் இதயம் என நாம் கருதுவது வேறொரு காட்சி. உழவர் ஒளித்துவைத்திருந்த போர்க்கவசங்களைக் கிக்குச்சியோ கண்டெடுத்துப் பெருமிதத்தோடு கொணர்கிறான். தோற்று ஓடிவந்த சாமுராய்களை உழவர் வேட்டையாடிக் கொன்று எடுத்த கவசங்கள் அவை எனப் பிற வீரர் உணர்ந்து சினம் கொள்கின்றனர். இவ்வூரார் அனைவரையும் கொல்ல வேண்டும் போலுள்ளது என்கிறான் அமைதியே உருவான கியூஸோ. அப்போது கிக்குச்சியோ வெடிக்கிறான். உழவர் வஞ்சகர், கோழைகள், உணவை மறைத்துவைத்துக்கொண்டு இல்லையென அழுபவர் என அவனே பட்டியலிடுகிறான். பின்பு, அவர்களை அவ்வாறு ஆக்கியவர் யார் என வினவுகிறான். ஊர்களை எரித்தவர், பெண்களைக் கவர்ந்தவர், எதிர்த்தவரைக் கொன்றவர் சாமுராய்களே. கேட்டிருந்த கம்பெய்யின் கண்கள் நனைகின்றன. விடுதலை பற்றிப் பல ஏடுகள் எழுதியோரும் இத்துணைச் சுருக்கமாக இதனைக் கூறியதாக நாம் அறியோம். ஒடுக்கப்பட்டோரைத் தூயவராகவும் காட்டவில்லை, அவர்தம் குற்றத்தைக் காட்டி ஒடுக்கியோரை விடுவிக்கவும் இல்லை.

இது போன்ற படங்கள் எவ்வாறு தோன்றின என்பதையும் நினைவுகூர்தல் நலம். போர்க்காலத்தில் நாற்பத்தேழு ரோனின்களின் பழங்கதையை மிஸோகுச்சி 1941-42-இல் இரு பாகங்களாகப் படமாக்கியபோது, தலைவனுக்காக உயிர்விடும் பற்றினை மக்கள் உள்ளத்தில் ஊன்ற அரசு விரும்பியது. 1945-க்குப்பின் நேசநாட்டு ஆட்சியினர் அதே காரணம் பற்றியே நிலவுடைமைக்கால விசுவாசத்தைப் போற்றும் படங்களைத் தடுத்தனர். 1952-இல் அவ்வாட்சி நீங்கியது. ஈராண்டில் ஏழு சாமுராய்கள் வெளிவந்தது. வாளைப் போற்றிய கலையால் ஒரு நாடு எங்கே இட்டுச்செல்லப்பட்டது என்பதைக் கண்டவர்கள் எடுத்த படங்கள் இவை. கோபயாஷி மஞ்சூரியாவில் போர்வீரராக இருந்தபோது பதவி உயர்வை ஏற்க மறுத்தவர். இரசிகர் இவற்றைக் கலை என்று மட்டும் கூறி நிறுத்துவது அம்மனிதருக்குச் செய்யும் குறைவு.

நம் திருச்சபை வரலாற்றிலும் இம்மோகத்துக்கு ஒரு வேர் உண்டு. 1870-களில் சாமுராய்கள் தம் மானியத்தையும் வாள் அணியும் உரிமையையும் இழந்தனர். ஜப்பானின் முதல் தலைமுறைச் சீர்திருத்தக் கிறிஸ்தவருள் கணிசமானோர் அக்குடும்பங்களின் மைந்தரே. குவேக்கர் சபையைச் சார்ந்த நிடோபே இனாசோ 1900-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலே "புஷிதோ" என்னும் சொல்லை உலகறியச் செய்தது. திருச்சபையற்ற கிறிஸ்தவம் என்னும் இயக்கத்தைத் தோற்றுவித்த உச்சிமுரா கான்ஸோவும் புஷிதோ என்னும் தண்டில் கிறிஸ்தவம் ஒட்டப்பட வேண்டும் எனக் கருதினார். தம் மக்களிடம் சுவிசேஷத்தை அந்நியப் பொருளாகக் காட்டலாகாது என்னும் அவர்தம் கவலையை நாம் மதிக்கிறோம். நாமும் அதே கவலையோடு உழைப்பவரே. எனினும், ஒரு பண்பாட்டின் தண்டு எனத் தேர்ந்தெடுக்கப்படுவது பெரும்பாலும் மேலோரின் அறமாகவே அமைந்துவிடுகிறது. யோஹெய்யின் குலத்தாருக்கு ஒரு தண்டு இல்லையா என அவர்கள் வினவவில்லை.

இனி, சிலுவை ஒப்புமைக்கு வருவோம். இங்கே நமக்குத் துணைவருவது "ஹராகிரி". கதை 1630-ஆம் ஆண்டில் நிகழ்கிறது. வறுமையால் தன் வாளை விற்றுவிட்டு மூங்கில் அலகைச் செருகித் திரிந்த இளைஞன் மொட்டோமே, பெருங்குடி ஒன்றின் மாளிகை முற்றத்தில் அம்மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தப்படுகிறான். அவனுடைய மாமனார் ட்சுகுமோ பின்னர் அதே முற்றத்துக்கு வருகிறார். அவர் அம்மாளிகையாரைக் குற்றஞ்சாட்டுவது ஒரு புறம் இருக்க, தம்மையே குற்றஞ்சாட்டும் இடம் ஒன்றுண்டு. மருமகன் மனைவிக்காகவும் குழந்தைக்காகவும் வாளை விற்றான். தமக்கோ தம் வாளை விற்கும் எண்ணமே எழவில்லை. அப்பயனற்ற பொருளைப் பற்றிக்கொண்டிருந்தேனே எனப் புலம்புகிறார். விக்கிரகம் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கத்தை நாம் திரையில் கண்டதில்லை. குழந்தை மடிந்துகொண்டிருக்க, வாள் வீட்டில் இருந்தது.

வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் அச்சாவு போர்க்குலத்தின் சலுகை. இழிவினின்று தப்பிப் புகழோடு மடிவதற்கான வழி. எளியோருக்கு அவ்வுரிமை இல்லை. அதே நாட்டில் சிலுவையில் அறைதலும் ஒரு தண்டனையாக இருந்தது. 1597-இல் நாகசாக்கியில் இருபத்தாறு கிறிஸ்தவர் சிலுவைகளில் ஏற்றிக் கொல்லப்பட்டனர். ஆக, ஜப்பானிய மண்ணிலேயே இரு சாவுகளும் அருகருகே நின்றன: மேன்மையைக் காக்கும் சாவும், மேன்மை பறிக்கப்பட்ட சாவும். நம் ஆண்டவர் மடிந்தது எதில் என்பதில் ஐயமில்லை. பிலிப்பியர் 2:8-உம் எபிரெயர் 12:2-உம் அவமானத்தையே முன்னிறுத்துகின்றன. மேட்டில் நாட்டிய வாளைச் சிலுவையாகக் காட்டும் போதகர், தாம் அறியாமலே சிலுவையை மீண்டும் மேன்மையின் சாவாக மாற்றிவிடுகிறார். அந்நால்வரும் வாளால் மடியவில்லை, துப்பாக்கிக் குண்டுகளால் மடிந்தனர் என்பதையும் அவர் கவனிப்பதில்லை.

அருளுரைக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோருக்கு இப்படத்தில் வேறொன்று உண்டு. முதலில் கம்பெய் உழவரின் வேண்டுகோளை ஏற்பதாக இல்லை. சாமுராய்களுக்கு வெள்ளைச் சோறு கொடுப்பதற்காக உழவர் தாங்கள் தினை உண்கின்றனர் என அறிந்தபின்பே, அச்சோற்றுக் கிண்ணத்தைக் கையிலேந்தி, இச்சோற்றை வீணாக்கேன் என இசைகிறார். பசித்தவர் கொடுத்த சோறு அவரைப் பிணைத்தது. யோவான் 10-இல் கூலியாள் ஓநாயைக் கண்டு ஓடுகிறான், இக்கூலியாளோ ஓடவில்லை. கல்லறை மேட்டைவிட அக்கிண்ணமே நமது பந்தி மேசைக்கு அருகிலுள்ளது.

இறுதிக் காட்சியில் உழவர் பறை முழக்கிப் பாடி நாற்று நடுகின்றனர். வென்றவர் உழவரே, நாம் அல்லோம் எனக் கம்பெய் கூறுகிறார். கட்சுஷிரோவைக் காதலித்த உழவர் மகள் ஷினோவும் அவனைக் கடந்து வயலில் இறங்கிவிடுகிறாள். கல்லறைகளை அவர்கள் ஒருமுறையேனும் திரும்பி நோக்கவில்லையே, நன்றி மறந்தவர் எனக் குறைகூறும் இரசிகர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மழை பெய்து நிலம் பதமாயிருந்தது. நாற்று முற்றிவிட்டால் பயனில்லை.