அரண் இலக்கணமும் கொங்குநாட்டு மலைக்கோட்டைகளும்

தமிழ்ப் பொருளிலக்கணத்தில் அரண் பெற்றுள்ள இடம் பெரிது. தொல்காப்பியம் உழிஞைத் திணையை மருதத்தின் புறமாக வகுத்து, மதிலை வளைத்தலையும் அதனைக் காத்தலையும் அவ்வொரு திணைக்குள்ளேயே அடக்கிற்று. பின்வந்த ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் காத்தலைப் பிரித்து, நொச்சி எனத் தனித்திணை ஆக்கினார். திருக்குறளின் 75ஆம் அதிகாரம் முழுவதும் அரணுக்கே உரியது. இந்நூல்களைக் கற்றோர் பழங்கோட்டை ஒன்றைக் காணுங்கால், ஏட்டில் கண்ட அரணையே கல்லிலும் காண விழைதல் இயல்பு. அவ்விழைவு எத்துணை பொருந்தும் என்பதைச் சேலம், நாமக்கல் சமவெளியில் எழுந்து நிற்கும் இரு மலைக்கோட்டைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் காலத்தைப் பற்றிய ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். நாமக்கல் குன்றின் அடியில் நரசிம்மர்க்கும் அரங்கநாதர்க்கும் குடையப்பெற்ற இரு குடைவரைகள் உள்ளன. அவை கி.பி. 8ஆம் நூற்றாண்டின என்பது அறிஞர் பலர் கொள்கை. அங்குள்ள கல்வெட்டு, அதியர் குலத்துக் குணசீலன் எடுத்த அதியேந்திர விஷ்ணு கிருகத்தைக் குறிக்கின்றது. குன்றின் உச்சியிலுள்ள கோட்டையோ அதற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் அதனைக் கட்டினார் என ஒரு சாராரும், மைசூர் அரசின் அலுவலர் இலட்சுமிநரசய்யா கட்டினார் என மற்றொரு சாராரும் கூறுவர். இரண்டனுள் எதனைக் கொள்ளினும், அதியர் பெயரைக் குன்றடியில் கண்டு மதிலையும் அதியர்க்கே உரியதாக்குதல் பொருந்தாது. கல் ஒன்றாயினும் காலம் ஒன்றன்று.

உழிஞையும் நொச்சியும் பாடப்பெற்ற உண்மையான முற்றுகை ஒன்று இப்பகுதிக்கு வடக்கே நிகழ்ந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற செய்தியை அது குறித்து எழுந்த தகடூர் யாத்திரை என்னும் நூலின் எஞ்சிய பாடல்கள் காட்டும். அவற்றுட் சிலவற்றைப் புறத்திரட்டு காத்துத் தந்துள்ளது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் பாடியதும் அவ்வேந்தனையே. அத்தகடூரே இன்றைய தருமபுரி. 1965 வரை சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அங்கே இரு வேந்தர் எதிரெதிர் நின்றனர். புலவர் இருபாலும் இருந்தனர். மதில் புகழின் களமாயிற்று. இலக்கணம் கண்ட அரண் இதுவே.

நாமக்கல் கோட்டைக்கு இவ்விலக்கணத்தைப் பொருத்திக் காண்போம். உச்சிப்பரப்பு ஏறத்தாழ ஒன்றரை ஏக்கரே. பெரும்படை தங்கி நெடுநாள் முற்றுகையைத் தாங்குதற்கு அவ்விடம் போதாது. முதல் மைசூர்ப் போரில், 1768இல், ஆங்கிலக் கும்பினியின் படைத்தலைவர் வுட் இதனைக் கைப்பற்றினார். அவ்வாண்டு முடிவதற்குள் ஐதர் அலி இதனை மீட்டுக்கொண்டார். ஓராண்டில் இருமுறை கைமாறிய கோட்டையை, கொளற்கரிய அரண் எனல் எவ்வாறு? எனின், இது பயனற்றதோ எனில் அன்று. சுற்றிலும் விரிந்த வயல்களையும் வழிகளையும் ஒரு சிறு காவற்படை மேலிருந்து நோக்குதற்கு இதனினும் தக்க இடம் வேறில்லை. வேந்தன் ஒருவன் இறுதிவரை நின்று காத்தற்கு அன்று, நாட்டைக் கண்காணித்தற்கே இம்மதில் எழுந்தது என்பது எம் துணிபு.

சங்ககிரி இதனினும் பெரிது, சான்றும் மிகுதி. விசயநகர வேந்தர் காலத்தில், கி.பி. 15ஆம் நூற்றாண்டளவில், தோன்றியதெனக் கருதப்படும் இக்கோட்டை, பின்னர் மைசூர் அரசர் கையிலும் இறுதியில் கும்பினியார் கையிலும் இருந்து, ஒவ்வொருவராலும் விரிவு பெற்றது. ஒருபுறம் தவிர ஏனைப் புறங்கள் செங்குத்தானவை. ஏறும் அவ்வொரு வழியில் மதில்களும் வாயில்களும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. பெருமாள் கோயிலும் இசுலாமியர் தொழுமிடமும் கோட்டைக்குள் உள்ளன. இவற்றோடு நம் கருத்தை ஈர்ப்பன தானியக் களஞ்சியமும், வரிப்பொருளைச் சேமித்த அறையும் ஆம்.

ஈண்டுத் திருக்குறளை நினைவுகூர்தல் தகும். உணவு நிறைந்திருத்தலை வள்ளுவர் அரணின் இலக்கணங்களுள் ஒன்றாகக் கூறுகின்றார். அவ்வுணவு அகத்தோர்க்கு உரியது. முற்றுகைக் காலத்தில் உள்ளிருப்போரை நிலைநிறுத்துவது. சங்ககிரியின் களஞ்சியமும் பார்வைக்கு அவ்விலக்கணத்தை நிறைவிப்பது போலத் தோன்றும். ஆயின், வரியறையையும் உடன்வைத்து நோக்கினால் அதன் பொருள் வேறாகின்றது. இங்குக் குவிந்தது, புறத்தே வாழ்ந்த உழவரிடமிருந்து வரியாக மேலேறிய பொருள். இலக்கணம் கோட்டையை உள்ளிருந்து காண்கின்றது. இச்சமவெளியின் குடிகளோ அதனைக் கீழிருந்து கண்டவர்கள். இவ்வேறுபாட்டை உணராது குறளை மேற்கோளாக்கிச் சங்ககிரியை விளக்குதல் நூலுக்கும் நீதியன்று, கல்லுக்கும் நீதியன்று.

கீழிருந்து கண்டோரின் சான்று நாட்டு வழக்கில் உள்ளது. தீரன் சின்னமலையைப் பற்றிய கதையொன்று கொங்குநாட்டில் யாவரும் அறிந்தது. மைசூர் அரசுக்குரிய வரிப்பணம் சங்ககிரி வழியே சென்றபோது, இளைஞரான தீர்த்தகிரி அதனைப் பறித்து ஏழைகட்கு வழங்கினார் என்றும், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே உள்ள ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல்லுமாறு பணித்தார் என்றும் அக்கதை கூறும். பெயர்க்காரணம் கூறும் பகுதியை வரலாறாகக் கொள்ளுதல் அரிது. பெயருக்குக் கதை புனைதல் எந்நாட்டு மக்கட்கும் இயல்பு. ஆனால், கதை வலியுறுத்த எண்ணாது இயல்பாகச் சொல்லிச் செல்லும் செய்திகள் வேறு வகையின. வரிப்பணம் சங்ககிரி நோக்கிச் சென்றது என்பது அத்தகையது.

அச்செய்தியைக் காலத்தோடு ஒப்பிடுவோம். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம், நாமக்கல், சங்ககிரிப் பகுதிகள் கும்பினிக்குச் சென்றன. காங்கேயம் அடங்கிய கோவைப் பகுதியோ 1799இல் திப்பு வீழும் வரை மைசூரின் கீழ் இருந்தது. எனவே, மைசூருக்குரிய வரிப்பணம் காவிரியைக் கடந்து சங்ககிரி வழியே செல்லுதல் 1792க்கு முன்னரே இயலும். சின்னமலை பிறந்த ஆண்டு 1756 என்பர். அவ்வாறாயின், கதை அவரை இளைஞராகக் காட்டுவதும் இவ்வெல்லைக்குள் அமைகின்றது. நிகழ்ச்சி நடந்ததென்பதற்கு இது முடிபான சான்று ஆகாது. ஆயினும், கதையை வழங்கியோர் அக்கால ஆட்சியெல்லையின் நினைவைப் பிழையாது காத்தனர் என்பதற்குச் சான்றாகும். புலவர் பாடாத வழக்கு ஆதலின் புறக்கணிக்கலாம் என்பார்க்கு இது விடை.

அதே சின்னமலை பின்னர்த் திப்புவின் பக்கம் நின்று கும்பினியை எதிர்த்தார். ஓடாநிலையில் கோட்டை அமைத்துப் போரிட்டார். இறுதியில் பிடிபட்டு, 1805 சூலை 31ஆம் நாள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பெற்றார். ஆடிப்பெருக்கை ஒட்டி ஆண்டுதோறும் அவர் நினைவு போற்றப்படுகின்றது. கோட்டையைக் கட்டிய வேந்தன் பெயரோ, வென்ற தளபதி பெயரோ மக்கள் நாவில் இல்லை. வரியைப் பறித்தவனும் அங்கே உயிர்நீத்தவனுமாகிய ஒருவன் பெயரே நின்றது. உழிஞையும் நொச்சியும் அறியாத மூன்றாவது நிலை இது. மதிலை வளைத்தவனும் அல்லன், காத்தவனும் அல்லன். மதிலுக்குள் கொண்டு செல்லப்பட்டவன் பாட்டுடைத் தலைவன் ஆகின்றான்.

அடுத்தடுத்த மதில்களும் ஒருவழி ஏற்றமும் போர்க்காப்பையன்றோ காட்டுகின்றன என ஒரு தடை எழலாம். அதனை யாம் மறுக்கவில்லை. மைசூர்ப் போர்க்காலத்தில் இக்கோட்டைகள் படைநிலைகளாகவும் பயன்பட்டன. ஆனால், பொருள் குவிந்த இடத்திற்குக் காவல் வேண்டும். அக்காவல் பகைப்படையை மட்டும் கருதியதாகாது என்பதே எம் கருத்து. மதிலின் வன்மையைக் கூறுவோர், அது எதனைக் காத்தது, எவரிடமிருந்து காத்தது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.

இவ்விரு கோட்டைகளும் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளன. கல்லுக்குக் காவல் உண்டு, கதைக்கு இல்லை. ஒரே கதை ஊர்தோறும் வேறுபட வழங்குகின்றது. பாடபேதம் காணும் முறையை ஏட்டுச்சுவடிகட்குக் கற்ற நாம், அதனை இவ்வாய்மொழி வழக்குகட்கும் உரியதாக்கி, ஒவ்வொரு வடிவையும் ஊரும் சொல்வோரும் குறித்துத் தொகுத்தல் வேண்டும். புறத்திணை பயிலும் மாணாக்கர் தகடூர் யாத்திரையின் எச்சங்களோடு இவற்றையும் ஒருங்குவைத்துக் கற்பாராயின், அரண் என்னும் சொல் அகத்தோர்க்கு ஒரு பொருளும் புறத்தோர்க்கு வேறொரு பொருளும் தந்தது தெளிவாகும்.